‘லிக்கர்’ என்னும் சொல்லும் நம் வழக்கும்

மொழிபெயர்ப்பில் அருஞ்சொற்கள் நம்மை அதிகம் ஏமாற்றுவதில்லை. அவற்றுக்கு நாம் அகராதியைப் புரட்டுகிறோம். எளிதென்று தோன்றும் சொற்களே இடறச் செய்கின்றன. ‘லிக்கர்’ என்னும் ஆங்கிலச் சொல் அத்தகையது. எங்கள் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் தேயிலைப் பொட்டலத்தின் மேல் இச்சொல்லைக் கண்டு, “ஐயா, இந்தத் தேயிலையில் சாராயம் கலந்திருக்கிறதா?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. ஆயினும் அவன் கேள்வியில் பிழையில்லை. அவன் கையிலிருந்த சிற்றகராதி அப்பொருள் ஒன்றையே காட்டிற்று.

இலத்தீன் மொழியில் ‘லிக்கர்’ என்பதற்கு நீர்மப் பொருள் என்பதே பொருளாகும். ஆங்கிலத்திலும் அச்சொல் முதலில் அவ்வாறே வழங்கிற்று. பழைய பொருள் சில தொழில்களில் இன்றும் நிலைத்துள்ளது. தேயிலையைச் சுவைத்துத் தரம் பிரிப்போர் வடித்த தேநீரை லிக்கர் என்பர். பீர் வடிப்போர் தாம் பயன்படுத்தும் வெறுந்தண்ணீரையே லிக்கர் என்று குறிப்பர். மாணவன் கண்ட சொல் இவ்வகையினது.

போதைப் பானத்தைக் குறிக்கும்போதும் இச்சொல்லின் எல்லை ஒன்றன்று. சட்ட மொழியில் அதன் எல்லை விரிந்தது. நம் நாட்டின் 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டத்தின் ஆங்கில வடிவில் ‘போதை தரும் லிக்கர்’ என்னும் தொடர் வருகிறது. இத்தகைய சட்டத் தொடர்களில் பீரும் அடங்கும். அமெரிக்கரின் அன்றாடப் பேச்சிலோ பீரும் ஒயினும் லிக்கர் ஆகா. விஸ்கி, ரம், ஜின் போன்ற வடித்தெடுத்த கடும்பானங்களே லிக்கர் எனப்படும். அவற்றைப் பிரிட்டானியர் ‘ஸ்பிரிட்’ என்று சொல்வதே பெருவழக்கு. இனி, ‘லிக்யூர்’ என்பது அதே சொல்லின் பிரெஞ்சு வடிவம். அஃது இனிப்பும் மணமும் ஊட்டிய பானத்தை மட்டுமே குறிக்கும். ஆகவே இச்சொல்லைக் கண்டவுடன் எழுதியவர் யார், எத்துறையில் எழுதினார் என்று பார்த்த பின்னரே தமிழாக்க வேண்டும்.

நம் மொழியில் இவ்வேறுபாடு தெளிவாகவே உள்ளது. பாளையைச் சீவி இறக்கிய சாறு தானே புளித்தால் கள். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவிப் புளிக்காமல் காத்தால் அதுவே பதநீர். புளித்த சாற்றைக் காய்ச்சி, எழும் ஆவியைக் குளிரச் செய்து வடித்தால் சாராயம். கள்ளில் சாராயச் சத்து நூற்றுக்கு நான்கைந்து பங்கு அளவில் இருக்கும். வடித்த கடும்பானத்தில் நாற்பது பங்கு அளவுக்கும் இருக்கும். இரண்டுக்கும் ஒரே சொல்லை எழுதுதல் பொருந்தாது. தொகுத்துச் சொல்ல வேண்டிய இடத்திற்கு ‘மது’ என்னும் சொல் போதும்.

வடித்தெடுப்பதன் இயல்பை ‘ஸ்பிரிட்’ என்னும் சொல்லும் காட்டுகிறது. அதன் இலத்தீன் மூலத்திற்கு மூச்சு, உயிர் என்பன பொருள். தமிழிலும் ‘ஆவி’ என்பது உயிரையும் குறிக்கும், கொதிநீரிலிருந்து எழும் புகையையும் குறிக்கும். தொடர்பில்லாத இரு மொழிகள் ஒரே எண்ணத்தில் சந்தித்திருப்பது வியப்பன்றோ?

கீழ்நாடுகளிலிருந்து ஆங்கிலம் கொண்ட சொற்களும் உள. ‘டாடி’ என்பது பனையைக் குறிக்கும் வடஇந்தியச் சொல்லின் வழிவந்தது. இங்கு அது கள்ளைக் குறிக்க, ஸ்காட்லாந்தில் விஸ்கியில் வெந்நீரும் இனிப்பும் கலந்த பானத்தைக் குறிக்கிறது. ‘அரக்’ என்பது வியர்வை என்னும் பொருளுடைய அரபுச் சொல். வடிகலத்தில் துளிர்க்கும் துளிகளை எண்ணி வைத்த பெயர் போலும். இலங்கையில் தென்னங்கள்ளை வடித்தெடுப்பது இப்பெயர் பெறும்.

இவ்வேறுபாடு நம் தோட்ட வரலாற்றையும் தொடுகிறது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தபோது, அவர்களின் கோரிக்கைகளுள் ஒன்று கள்ளுக்கடைகளை மூடுவது. 1947இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு எதிராகக் கிளர்ந்தனர். ஆங்கிலப் பதிவுகள் இக்கடைகளை ‘டாடி’ கடைகள் என்றே குறிக்கின்றன. அவற்றைச் ‘சாராயக்கடை’ என்று தமிழாக்கினால் வரலாறு திரிந்துவிடும். அவை ஒளிவு மறைவாக நடந்தவை அல்ல. உரிமத்தோடு தோட்டத்தின் நடுவிலேயே வெளிப்படையாக நடந்தவை. தொழிலாளர் கொதித்தெழுந்தமைக்கு அவ்வெளிப்படையே ஒரு காரணம்.

‘கள்ளச் சாராயம்’ என்பதிலும் மாணவர் மயங்குவர். அங்குள்ள ‘கள்ள’ என்பது கள்ளம் என்பதன் அடியாக வந்தது. கள் என்னும் பானத்தைக் குறிப்பதன்று. இப்பொருளில் இந்திய ஆங்கில நாளேடுகள் ‘ஹூச்’ என்று எழுதுகின்றன. அஃது அலாஸ்காப் பழங்குடி ஒன்றன் பெயரிலிருந்து வந்த சொல். செல்வர் பருகுவது லிக்கர். ஏழை பருகி மாண்டால் ஹூச். சொல்லே ஆளைப் பிரித்துவிடுகிறது.

சொல் மயக்கம் உயிரையும் வாங்கக்கூடும். வேதியியலில் ‘ஆல்கஹால்’ என்பது ஓர் இனப்பெயர். அவ்வினத்தில் எத்தனால் குடிபானங்களில் உள்ளது. மெத்தனால் நஞ்சு, உடலினுள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கெடுக்கும், உயிரையும் போக்கும். ‘மெத்திலேற்றிய ஸ்பிரிட்’ என்பது குடிக்கலாகாதென்றே மெத்தனால் சேர்த்த எரிபொருள். மூன்றையும் பேச்சில் ‘ஸ்பிரிட்’ என்றே சொல்லிவிடுகிறோம். 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர்ப் பகுதிகளில் மெத்தனால் கலந்த பானத்தால் பலர் மாண்டனர். அவர்களுள் அயல்நாட்டுத் தொழிலாளரும் இருந்தனர். 2024 ஜூனில் தமிழ்நாட்டுக் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

நம் தோட்டத்து வழக்கில் இதற்கு வேறொரு பெயரும் உண்டு. “அப்பா தண்ணி போட்டிருக்கிறார்” என்று கட்டுரை ஏட்டில் எழுதும் பிள்ளைகள் இன்றும் உளர். விஸ்கி என்னும் சொல்லின் கேலிக் மூலத்திற்கு உயிர்நீர் என்று பொருள். ருசியரின் வோட்காவும் தண்ணீர் என்னும் சொல்லின் அடியாகப் பிறந்ததே. கொடியதை நீர் என்று சொல்லி மென்மையாக்குவது பல நாட்டு மாந்தர்க்கும் பொதுவான பழக்கம் போலும்.

அப்பிள்ளையின் ஏட்டில் ‘தண்ணி’யை அடித்துச் ‘சாராயம்’ என்று திருத்துவது எளிது. யான் அவ்வாறு செய்வதில்லை. அருகில் அமர்த்தி, “அப்பா குடித்தது எது, கண்ணு?” என்று முதலில் கேட்கிறேன். சரியான சொல்லைப் பிள்ளை அறிந்தால் சரியான அச்சத்தையும் அறியும். ஆசிரிய நண்பர்களும் அகராதியைத் திறக்குமுன் அக்கேள்வியைக் கேட்பாராக.