ஓடாத காருக்கும் ஆயில் மாற்றவேண்டுமா?

கிலோமீட்டரைப் பார்த்தால் போதாது; காலண்டரையும் பாருங்கள்!

கொல்லிமலைக்குப் போயிருக்கிறீர்களா?

நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம் வழியாகக் காரவல்லிக்கு வரவேண்டும். அது மலை அடிவாரம். அங்கே இருந்து மேலே ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஏறி முடித்தால் மிளகும் காப்பியும் பலாவும் விளையும் குளிர்ந்த பூமி. அறப்பளீசுவரர் கோவிலும் ஆகாயகங்கை அருவியும் அங்கேதான் உள்ளன.

இந்த மலையில் வீடும் தோட்டமும் உள்ள ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். வீட்டில் ஒரு கார் இருக்கிறது. ஆனால் அது தினமும் ஓடுவது இல்லை. சந்தைக்கு ஒரு நாள்; கோவிலுக்கு ஒரு நாள். மற்ற நாள் எல்லாம் கொட்டகையில் தூங்குகிறது. ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் 2,000 கிலோமீட்டர் ஓடியிருக்காது.

"ஓடாத காருக்கு எதற்கு ஆயில் மாற்றவேண்டும்? பணம் தண்டம்தானே?" என்று வீட்டுக்காரர் கேட்பார்.

கேள்வி நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் பதில் வேறு. நிற்கும் காரிலும் ஆயில் கெடும்!

லாரிக்கு ஒரு கணக்கு, காருக்கு ஒரு கணக்கு

மலைக்குக் கீழே இருக்கும் நாமக்கல், லாரிகளின் ஊர். அங்கே கட்டப்படும் லாரிகளும், அங்கே இருந்து புறப்படும் டாங்கர்களும் நாடு முழுவதும் ஓடுகின்றன. இரவு பகலாக ஓடும் லாரிக்குக் கிலோமீட்டர் கணக்கு முக்கியம். சில மாதங்களிலேயே அந்தக் கணக்கு நிறைந்துவிடும்.

எப்போதாவது ஓடும் காருக்கு மாதக் கணக்கு முக்கியம். இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றின் கையேட்டில், "10,000 கிலோமீட்டர் அல்லது ஓர் ஆண்டு, எது முதலில் வருகிறதோ அப்போது" என்ற முறையில்தான் கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். பலர் முதல் பாதியை மட்டும் படிக்கிறார்கள். இரண்டாவது பாதியை மறந்துவிடுகிறார்கள்!

ஆயில் என்ன வேலை செய்கிறது?

என்ஜினுக்குள் இரும்பும் இரும்பும் உரசாமல் காப்பது ஆயில். சூட்டைத் தணிப்பதும் அதுதான். அழுக்கைக் கழுவித் தன்னோடு வைத்துக்கொள்வதும் அதுதான். துரு பிடிக்காமல் தடுப்பதும் அதுதான். இவற்றுக்காக ஆயிலில் சில மருந்துகளைக் கலந்து விற்கிறார்கள். அந்த மருந்துகள் நாளாக ஆகச் சக்தி இழக்கின்றன.

ஆயில் கறுத்துவிட்டால் கெட்டுவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. அழுக்கைச் சுமந்தால் ஆயில் கறுக்கத்தான் செய்யும். நிறம் மாறாமலே சக்தி போன ஆயிலும் உண்டு. ஆகவே நிறத்தை மட்டும் நம்பக்கூடாது.

தண்ணீர் எங்கே இருந்து வருகிறது?

இட்லிப் பானையின் மூடியைத் திறந்து பாருங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர்த்துளி நிற்கும். ஆவி குளிர்ந்து தண்ணீர் ஆகிவிட்டது. என்ஜினுக்குள்ளும் இதேதான் நடக்கிறது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும்! இது பலருக்கும் தெரியாத செய்தி. அந்தத் தண்ணீர் ஆவியாகிப் புகைக்குழாய் வழியே போய்விடுகிறது. ஆனால் கொஞ்சம் ஆவி, பிஸ்டன் ஓரமாகக் கசிந்து கீழே ஆயில் இருக்கும் பக்கம் இறங்கிவிடும். எரியாத பெட்ரோலும் சிறிது அதோடு சேரும்.

கார் வெகுதூரம் ஓடினால் ஆயில் நன்றாகச் சூடாகும். ஈரமும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேறிவிடும். பக்கத்துக் கடைக்குப் போய்த் திரும்பினால் ஆயில் சூடாவதற்குள் என்ஜினை நிறுத்திவிடுவோம். ஈரம் உள்ளேயே தங்கும். நாளடைவில் அது அமிலத்தை உண்டாக்கும். துருவுக்கும் வழி வகுக்கும். குளிரும் மூடுபனியும் உள்ள மலையில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

தினமும் ஐந்து நிமிடம் போதுமா?

"நான் தினமும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிறேன்" என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். இது தவறு! நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஓடினால் ஆயில் சூடாகாது. ஈரம்தான் சேரும். காரில் உள்ள சூடு காட்டும் முள்ளும் ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டைத்தான் காட்டும். ஆயில் சூடாக அதைவிட அதிக நேரம் ஆகும்.

இதைவிட, வாரத்துக்கு ஒரு முறையோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ காரை எடுத்து அரை மணி நேரம் ஓட்டுவது நல்லது.

எத்தனை மாதத்துக்கு ஒரு முறை?

முதலில் உங்கள் காரின் கையேட்டைப் பாருங்கள். அதுவே சட்டம். பொதுவான கணக்கு இது:

காரை அவ்வப்போது வெகுதூரம் ஓட்டுகிறீர்கள் என்றால், கிலோமீட்டர் குறைவாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை ஆயிலை மாற்றுங்கள்.

பக்கத்திலேயே போய் வருவதும், குளிரில் எடுத்து உடனே நிறுத்துவதுமாக இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. மலைப்பாதை, புழுதி, குறுகிய தூரம் ஆகியவற்றைக் "கடுமையான ஓட்டம்" என்று பல கையேடுகள் தனியாகக் குறிப்பிடுகின்றன.

ஆயிலோடு பில்டரையும் மாற்றுங்கள். கையேட்டில் சொன்ன ரக ஆயிலையே ஊற்றுங்கள். என்ஜின் சூடாக இருக்கும்போது பழைய ஆயிலை இறக்கினால் அழுக்கும் சேர்ந்து வரும்.

வீட்டிலேயே பார்க்கலாம்

ஆயில் அளவு பார்க்கும் கம்பியை மாதம் ஒரு முறை உருவிப் பாருங்கள். மலையில் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சரிவில் நிறுத்திப் பார்த்தால் அளவு தவறாகக் காட்டும். சமமான இடத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, சில நிமிடம் கழித்துப் பாருங்கள்.

ஆயில் ஊற்றும் மூடியின் உள்ளே பால் காப்பி நிறத்தில் நுரை படிந்திருக்கிறதா? ஈரம் சேர்ந்திருக்கிறது என்று பொருள். ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஆயில் அளவு கூடுகிறதா? மகிழ வேண்டாம்! அதில் எரிபொருள் கலந்திருக்கக்கூடும். 2020-ல் புதிய புகை விதி வந்த பிறகு வெளியான டீசல் கார்களில், குறுகிய தூரமே ஓட்டினால் இப்படி ஆவது உண்டு.

அவசரத்துக்கு உதவவேண்டாமா?

நள்ளிரவு. வீட்டில் பெரியவருக்கு நெஞ்சு வலி. அல்லது மகளுக்குப் பிரசவ வலி. நாமக்கல்லுக்குப் போகவேண்டும். 70 வளைவுகளும் இறங்கவேண்டும். அந்த ஒரு நாளுக்காகத்தானே அந்தக் கார் கொட்டகையில் நிற்கிறது? திரும்பி வரும்போது அதே வளைவுகளில் முழுப் பலத்தோடு ஏறவும் வேண்டும். அப்போது என்ஜினைக் காப்பது ஆயில் ஒன்றுதான்.

சிறிய காருக்கு வேண்டியது சுமார் 3 லிட்டர் ஆயில், ஒரு பில்டர். என்ஜினைப் பிரித்து வேலை செய்யும் செலவோடு ஒப்பிட்டால் இது சொற்பம்.

பழைய ஆயிலைக் கீழே ஊற்றாதீர்கள்

கொல்லிமலையில் மண்ணில் ஊற்றியது ஓடைக்குப் போகும். ஓடை ஐயாற்றுக்குப் போகும். அந்த ஐயாறுதான் ஆகாயகங்கையாக விழுகிறது. மலையிலும் கீழேயும் மக்கள் புழங்கும் தண்ணீர் அது. கழிவு ஆயிலை 2016-ம் ஆண்டு மத்திய அரசு விதிகள் ஆபத்தான கழிவு என்று சொல்கின்றன. வீட்டில் மாற்றினால் பழைய ஆயிலை டப்பாவில் பிடித்து, முறையாகச் சேகரிக்கும் ஒர்க்ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

மாற்றிய தேதி மறந்துபோகும் என்கிறீர்களா? அதற்கும் வழி இருக்கிறது. மழைக்காலம் முடிந்ததும் போகிப் பண்டிகை வருகிறது. பழையதைக் கழித்து வீட்டைச் சுத்தம் செய்கிறோம். அந்த வாரமே காரின் பழைய ஆயிலையும் மாற்றிவிடுங்கள். சமையலறைக் காலண்டரில் தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்த பொங்கலுக்கு வீட்டில் உள்ள பெண்களே ஞாபகப்படுத்திவிடுவார்கள்!