ஊவாத் தோட்டங்களில் தனி வீடு

பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, பசறைப் பக்கத்துத் தோட்டங்களில் லயத்துக்குப் பதிலாக எழும் தனி வீடு பெரும்பாலும் 550 சதுர அடி அளவுடையது. இரண்டு படுக்கையறை, ஒரு முன்னறை, குசினி, மலசலகூடம். வீட்டோடு 7 பேர்ச் காணி, அதாவது 1,900 சதுர அடிக்குச் சற்று மேல். இந்திய உதவியில் மத்திய, ஊவா மாகாணங்களில் கட்டப்படும் வீடுகளுக்கு இதுவே பொது அளவு. அந்தத் திட்டத்தின் 4,000 வீடுகளோடு மேலும் 10,000 வீடுகள் கட்டப்படும் என்று 2017 மே 12 அன்று நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி அறிவித்தார். இவற்றுக்கு முந்தைய குடியிருப்பு லயக் காம்பரா: பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, முன்னால் சிறு இஸ்தோப்பு. இரட்டை லயத்தில் பின்சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம் இருந்ததால், காற்றும் வெளிச்சமும் முன்பக்கமாக மட்டுமே வந்தன. புதிய வீட்டில் இடம் கூடியிருக்கிறது. ஆனால் அன்றாட வாழ்வு இலகுவாவது இடத்தின் அளவால் மட்டுமல்ல. மழைநீர், புகை, ஈர உடுப்பு ஆகிய மூன்றும் எங்கே போகும் என்பதை அத்திவாரம் வெட்டும் முன்பே தீர்மானிப்பதால்தான்.

முதலில் நிலம். மலைச்சரிவை வெட்டி, வெட்டிய மண்ணைப் பள்ளப் பக்கம் தள்ளித்தான் வீட்டுக்கான தட்டு உண்டாக்கப்படுகிறது. வெட்டிய பகுதி கெட்டி நிலம். நிரப்பிய பகுதி வருடக்கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே சுவர்கள் முழுவதும் கெட்டி நிலத்தில் நிற்க வேண்டும். நிரப்பிய மண் முற்றத்துக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் போதும். வீட்டின் பின்சுவர் வெட்டிய மண்சுவரை ஒட்டக் கூடாது. இடையில் ஆள் நடக்க இடம் விட்டு, மேட்டுப் பக்கத்தில் சீமெந்து பூசிய கான் ஒன்று வெட்டினால், மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் அத்திவாரத்தைத் தொடாமல் விலகிப் போகும். தேயிலை மலையில் கான் வெட்டிப் பழகிய கைகளுக்கு இது புதிய வேலையல்ல. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபின், உயிர் தப்பிய குடும்பங்களுக்குப் பூனாகலைப் பக்கம் மக்கல்தெனியவில் 75 வீடுகள் கட்டப்பட்டன. இந்த மலைகளில் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வரைபடங்களைக் கொண்டு சொல்கிறது. அந்த ஆலோசனையைப் பெறாமல் மண்வெட்டியைத் தொடவே கூடாது.

ஊவாவில் பெருமழை ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை. ஜூன் முதல் செப்டெம்பர் வரை, மத்திய மலையின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு வரும் கச்சான் காற்று வறண்டு வீசும். ஊவாத் தேயிலைக்குத் தனி வாசனை தருவதும், பீலியில் தண்ணீரை நூலாக்குவதும் அதே காற்றுதான். கூரை இரண்டு பருவத்துக்கும் ஈடுகொடுக்க வேண்டும். காற்று முதலில் கிளப்புவது சீற்றின் ஓரத்தை என்பதால், ஓர வரிசைகளில் ஆணி நெருக்கமாக இருக்க வேண்டும்; கூரை மரங்களை இரும்புப் பட்டியால் சுவரோடு கட்ட வேண்டும். கூரைப் பீலி மழைநீரைத் தாங்கிக்குக் கொண்டுபோகும். 50 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் கணக்குக்கு 500 லீற்றர். சிந்தியது போக 400 லீற்றராவது சேரும். முதல் மழையில் கூரைத் தூசி கழுவி வருவதால், அந்தத் தண்ணீரைத் தனிக்குழாயால் வெளியே விட்டபின்தான் தாங்கிக்குத் திருப்ப வேண்டும்.

குசினிக்கே அதிகக் கவனம் தேவை. பல வீடுகளில் இன்னமும் எரிவது கவ்வாத்து மிலாறும் காட்டு விறகுமே. விடியும் முன் அடுப்பு மூட்டும் பெண், பிரட்டுக்குப் போகும் வரை அந்தப் புகையைத்தான் சுவாசிக்கிறாள். லயத்தில் அவளோடு சேர்ந்து, தூங்கும் குழந்தையும் சுவாசித்தது. குசினியைத் தனி அறையாக்குவது பாதி வேலை. மீதிப் பாதி புகைபோக்கியில் இருக்கிறது. சூடான காற்று பாரம் குறைந்து மேலெழும். குழாய் உயர உயர இழுவை கூடும். குழாயின் வாய் கூரையின் முகட்டைத் தாண்டி இரண்டு மூன்று அடி நிற்காவிட்டால், முகட்டில் மோதிச் சுழலும் கச்சான் புகையை மறுபடி அடுப்புக்கே தள்ளிவிடும். குழாயின் தலையில் மழைமூடி வேண்டும். கரி வழிக்க அடியில் ஒரு சிறு கதவும் வேண்டும்.

அடுப்பு அநகி என்றால் இன்னும் நல்லது. 1980களில் இலங்கையில் உருவாக்கப்பட்ட இந்த இரட்டைவாய்க் களிமண் அடுப்பில் முன்வாய்க்கு நேரடித் தீ கிடைக்கும். வீணாகும் வெப்பம் உள்வழியாகப் போய்ப் பின்வாய்ப் பானையைச் சூடாக்கும். சோறு வேகும் நேரத்தில் கறியும் கொதித்துவிடும், விறகும் மிச்சமாகும். ஈர விறகு எந்த அடுப்பிலும் புகையும். அதனால்தான் லயத்து அடுப்படியில் தலைக்கு மேல் அட்டல் கட்டி விறகு உலர்த்தினார்கள். புதிய வரைபடங்களில் அட்டலுக்கு இடம் விடுவதில்லை, விட வேண்டும். குறைந்தது பின்புறக் கூரையையாவது மூன்றடி நீட்டி, அதன் கீழ் விறகு அடுக்க இடம் ஒதுக்க வேண்டும்.

அதே பின்தாழ்வாரம் மலையிலிருந்து திரும்புகிறவருக்கும் உதவும். கதவருகே ஒரு குழாய், உட்கார்ந்து காலைக் கழுவவும் அட்டை பார்க்கவும் ஒரு திண்ணை, படங்கும் கம்பளியும் தொங்கவிட இரண்டு கொக்கி: இவ்வளவுக்கும் செலவு சொற்பம், ஆனால் சேறு வீட்டுக்குள் வராது. கூரையில் அங்கே ஒரு கண்ணாடிச் சீற்றைப் போட்டால், அப்புத்தளைப் பனிமூட்டத்திலும் உடுப்பு ஓரளவு உலரும்.

மலசலகூடம் வீட்டோடு இருப்பதால், இரவு மழையில் பொதுக் கழிப்பறைக்கு நடக்க வேண்டியதில்லை. கோப்பையின் வளைவில் தங்கும் தண்ணீரே நாற்றத்தை அடைக்கும். குழியை வீட்டுக்குப் பள்ளத்திலும், ஊற்றிலிருந்து 50 அடிக்குக் குறையாத தூரத்திலும் தோண்ட வேண்டும். கீழ்த்தட்டு வீட்டின் தலைக்கு மேல் அது அமையக் கூடாது. ஊறும் கழிவுநீர் சரிவின் மண்ணையும் இளக்கும்.

அறைகளில் எதிரெதிர்ச் சுவர்களில் சன்னல் வைத்தால் காற்று குறுக்கே ஓடும். கடல்மட்டத்திலிருந்து 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளைக்கு அது போதும். 1,400 மீற்றருக்கு மேலுள்ள அப்புத்தளையில் ஏறத்தாழ ஐந்து பாகை குளிர் கூடும் என்பதால், சீற்றின் கீழ் சீலிங் அவசியம். இல்லாவிட்டால் விடியலில் சீற்றில் படியும் ஈரம் படுக்கையில் சொட்டும். பிள்ளை படிக்கும் மேசைக்குச் சன்னலடியையும், அதன் அருகே ஒரு மின்செருகியையும் ஒதுக்க வேண்டும். வாசல் படிகள் எல்லாம் ஒரே உயரத்தில், ஆறங்குலமாக இருந்து, பக்கத்தில் கைபிடியும் இருந்தால் முதியவர் துணையின்றி இறங்குவார்.

மகனுக்குக் கல்யாணமானால் இன்னோர் அறை தேவைப்படும். லயத்தில் இஸ்தோப்பை அடைத்துத்தான் அதை உண்டாக்கினார்கள்; உள்ளே இருந்த வெளிச்சமும் போனது. தனி வீட்டில் அந்த அறை வரும் பக்கத்தை முதலிலேயே குறித்து, அங்கே கெட்டி நிலத்தை வெறுமையாக விட்டு, கதவு வரும் இடத்தில் சுவருக்குள் நிலைமேல் கொங்கிறீற் விட்டத்தைப் போட்டுவைக்கலாம். பிறகு அதற்குக் கீழுள்ள கற்களை எடுத்தால் வாசல் தயார். கூரையையோ கானையோ தொட வேண்டியிராது.