விமானம் மாறும் இடம்

ரயிலில் அடிக்கடி பயணம் செய்கிறவர்களுக்குச் 'சந்திப்பு' என்ற சொல் புதியதன்று. விழுப்புரத்தில் இறங்கிப் புதுச்சேரி வண்டிக்கு மாறியவர்களும், காட்பாடியில் இறங்கித் திருப்பதி வண்டிக்குக் காத்திருந்தவர்களும் நம்மிடையே நிறைய உண்டு. மூட்டையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, காப்பி ஒன்றை வாங்கிக் குடித்துவிட்டு, அடுத்த வண்டி எந்த மேடைக்கு வரும் என்று போர்ட்டரைக் கேட்டால் காரியம் முடிந்தது. வண்டி தவறினாலும் குடி முழுகிவிடாது. அடுத்த வண்டி வரும்; அல்லது பேருந்து இருக்கவே இருக்கிறது.

ஆகாய மார்க்கத்திலும் சந்திப்புகள் உண்டு. ஆனால் அங்கே தவறிய வண்டிக்குப் பதில் பேருந்து கிடையாது.

சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேராகச் செல்லும் விமானம் இல்லை. ஆகவே மகளின் பிரசவத்திற்கோ மகனின் புதுமனைப் புகுவிழாவிற்கோ புறப்படும் பெற்றோர்கள், வழியில் ஏதாவது ஓர் ஊரில் இறங்கி, மற்றொரு விமானத்தில் ஏறியாக வேண்டும். 'எந்த ஊர் வழியாகப் போவது நல்லது?' என்று அவர்கள் நாலு பேரைக் கேட்கிறார்கள். கிடைக்கும் விடைகளோ விந்தையாக இருக்கின்றன. ஒருவர், 'சிங்கப்பூர் வழியாகப் போங்கள். நிலையத்திற்குள்ளேயே நீர்வீழ்ச்சி இருக்கிறது' என்கிறார். இருப்பது உண்மைதான், 40 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. ஆனால் அது குடியேற்றச் சோதனைக்கு அப்பால், வெளிப்புறக் கட்டடத்தில் இருக்கிறது. விமானம் மாறுகிறவர் அதன் அருகே சென்று நிற்க வேண்டுமானால் அந்நாட்டிற்குள் நுழைய அனுமதி பெற்றுத்தான் நிற்க வேண்டும். இன்னொருவர் கடைகளைப் புகழ்கிறார். இன்னொருவர், டிக்கெட் எங்கே மலிவோ அதுவே நல்ல வழி என்று தீர்ப்பளிக்கிறார். நான் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு. 'முதல் விமானம் தாமதமாகி, இரண்டாவது விமானம் தவறிப்போனால், அந்த ஊரில் என் கதி என்ன?' என்பதே அது.

இந்தக் கேள்வியை எனக்குக் கற்பித்தவர் என் தமக்கையார். 2022ஆம் ஆண்டில், எழுபது வயதை நெருங்கிய நிலையில், முதன்முறையாக அவர் நியூயார்க்குக்குப் புறப்பட்டார். மகளுக்குப் பிரசவ காலம். வீட்டிலிருந்த இளைஞர் ஒருவர் கணிப்பொறியின் முன் அமர்ந்து, ஒரு நிறுவனத்தில் இடைவழி ஊர் வரை ஒரு டிக்கெட்டும், மற்றொரு நிறுவனத்தில் அங்கிருந்து நியூயார்க் வரை வேறொரு டிக்கெட்டுமாக வாங்கினார். இதனால் பதினெட்டாயிரம் ரூபாய் மிச்சம் என்று எல்லோருக்கும் மகிழ்ச்சி. அன்றிரவு முதல் விமானம் இரண்டரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. போய்ச் சேர்ந்தபோது இரண்டாவது விமானம் பறந்துவிட்டது. 'நாங்கள் இவ்வூர் வரை கொண்டுவந்து சேர்த்துவிட்டோம்' என்றது முதல் நிறுவனம். 'குறித்த நேரத்தில் நீங்கள் வரவில்லை. டிக்கெட் செல்லாது' என்றது இரண்டாவது நிறுவனம். இரண்டு பேர் சொன்னதும் சட்டப்படி சரியே. பெட்டிகளோ குடியேற்றச் சோதனைக்கு அப்பால் கிடந்தன. வெளியே சென்று எடுக்க அவரிடம் அந்நாட்டு விசா இல்லை. அதற்கு மன்றாடி, புதிய டிக்கெட் ஒன்றை வாங்கி, மறுபடி ஏறுவதற்குள் பத்தொன்பது மணி நேரம் கழிந்தது. பேத்தி பிறந்த செய்தி அவருக்கு அந்த நிலையத்து நாற்காலியிலே கிடைத்தது.

ஆதலால் முதலாவதாகக் கவனிக்க வேண்டியது ஊரின் பெயரன்று, டிக்கெட்டின் தன்மை. புறப்படும் ஊர் முதல் போய்ச் சேரும் ஊர் வரை ஒரே பயணச்சீட்டாக இருக்குமானால், இடையில் விமானம் தவறினால் அடுத்த விமானத்தில் இடம் தந்து கொண்டுபோய்ச் சேர்ப்பது நிறுவனத்தின் பொறுப்பாகிறது. பெட்டிகளும் பெரும்பாலும் நம் கையில் படாமல் கடைசி ஊர் வரை போகும். பெட்டியில் கட்டும் சீட்டில் ஊரைக் குறிக்கும் மூன்று எழுத்துக்கள் இருக்கும். அவற்றைப் புறப்படுமுன்பே படித்துப் பார்த்துக்கொள்வது நல்லது. (சென்னைக்கு உரிய குறி இன்றும் எம்.ஏ.ஏ. என்பதுதான். ஊர் பெயர் மாறியும் மதராஸ் அந்தச் சீட்டில் வாழ்ந்துகொண்டிருக்கிறது.)

இந்த இடைவழி நிலையங்கள் எப்படித் தோன்றின என்பதையும் சிறிது சொல்ல வேண்டும். 1947 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் சிட்னியிலிருந்து லண்டனுக்குத் தன் விமானத்தை அனுப்பியபோது, அது டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி ஆகிய ஊர்களில் இறங்கி இறங்கிச் சென்றது. பயணம் நான்கு நாட்கள். அக்காலத்தில் விமானம் இறங்கியது எரிபொருளுக்காக. அட்லாண்டிக் கடலைத் தாண்டுகிறவர்கள் அயர்லாந்தின் ஷானனிலும் நியூபவுண்ட்லாந்தின் காண்டரிலும் இறங்கியதும் அதற்காகவே. இன்று விமானங்கள் பதினெட்டு மணி நேரம் கூட நிற்காமல் பறக்கின்றன. ஆயினும் சந்திப்புகள் மறையவில்லை; அவற்றின் காரணம் மாறிவிட்டது. சென்னையிலிருந்து பாஸ்டனுக்குத் தினமும் ஒரு விமானத்தை நிரப்பும் அளவுக்கு ஆட்கள் இல்லை. ஆனால் சென்னை, கொழும்பு, டாக்கா, நைரோபி முதலிய பல ஊர்களிலிருந்து வருகிறவர்களை ஓரிடத்தில் சேர்த்தால் பாஸ்டன் விமானம் நிரம்பிவிடும். வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள் குடத்தில் வந்து கூடுவது போலப் பாதைகள் ஓரிடத்தில் வந்து கூடுகின்றன. 1960இல் இறுக்கிய மணல்மீது ஓடுபாதை அமைத்துத் திறக்கப்பட்ட துபாய் நிலையம், 2014 முதல் பன்னாட்டுப் பயணிகளின் எண்ணிக்கையில் உலக நிலையங்களை முந்தியதற்கு இதுவே காரணம்.

இனி, எந்தத் திசையில் மாறுவது? வீட்டில் பூகோள உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்துச் சென்னைக்கும் நியூயார்க்குக்கும் இடையே இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நேர்தூரம் ஏறக்குறைய 13,500 கிலோமீட்டர். லண்டன் வழியாகச் சென்றால் சுமார் 13,800. துபாய் வழியாகச் சென்றால் சுமார் 14,000. மேற்கே எந்த வழியில் போனாலும் வித்தியாசம் அற்பமே. சிங்கப்பூர் வழியாகப் போனாலோ தூரம் 18,000 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். மயிலாப்பூருக்குப் போக வேண்டியவர் தாம்பரத்தைச் சுற்றிக்கொண்டு போன கதைதான். ஆனால் மகள் இருப்பது சான்பிரான்சிஸ்கோ ஆனால் கணக்கு தலைகீழாகிறது. துபாய் வழியாக ஏறக்குறைய 16,000 கிலோமீட்டர். ஹாங்காங் வழியாக 15,000க்கும் குறைவு. 'அமெரிக்கா' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். கீழ்க்கரைக்கு மேற்கு நோக்கியும், மேல்கரைக்குக் கிழக்கு நோக்கியும் போவதே குறுக்கு வழி.

அடுத்தது இடைவேளை. ஒவ்வொரு நிலையத்திற்கும் 'குறைந்தபட்ச இணைப்பு நேரம்' என்று ஒன்று நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. அதற்குக் குறைவான இடைவேளையில் ஒரே டிக்கெட்டாக விற்பதில்லை. வியன்னா நிலையம் தன்னிடம் 25 நிமிஷங்களில் விமானம் மாறலாம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. நல்ல கால் உள்ளவருக்கு அது சரி. சட்டம் அனுமதிக்கும் நேரம் வேறு, முழங்கால் அனுமதிக்கும் நேரம் வேறு. முதல் விமானம் ஒரு மணி நேரம் தாமதித்தாலும் நிதானமாக நடந்து சேரக்கூடிய அவகாசம் வேண்டும். முதியவர்களுக்கு மூன்று மணி முதல் நான்கு மணி வரை இருப்பது நலம் என்பது என் கணக்கு. எட்டு மணி, பத்து மணி என்று நீண்டால் அது வேறு வகைத் தண்டனை.

நிலையத்தின் அமைப்பும் இதில் சேர்ந்தது. தோஹாவின் ஹமாத் நிலையத்தில் எல்லாப் பயணிகளுக்கும் ஒரே முனையம். எவ்வளவு நடந்தாலும் ஒரே கூரையின்கீழ் நடக்கிறோம். லண்டன் ஹீத்ரோவிலோ பல முனையங்கள். ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏற வேண்டுமானால் பேருந்தில் போய், மறுபடியும் பாதுகாப்புச் சோதனைக்கு நிற்க வேண்டும். துபாயிலும் எமிரேட்ஸ் விமானங்கள் மூன்றாம் முனையத்தில் நிற்க, வேறு சில நிறுவனங்களின் விமானங்கள் பிற முனையங்களுக்கு வருகின்றன. டிக்கெட் வாங்குமுன், இறங்கும் முனையம் எது, ஏறும் முனையம் எது என்று கேட்டுவிட்டால் பாதிக் கவலை தீரும்.

அதைவிட முக்கியமான மற்றொன்றைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. அந்தச் சந்திப்பிலிருந்து நாம் போக வேண்டிய ஊருக்கு நாளொன்றுக்கு எத்தனை விமானங்கள்? ஒன்றே ஒன்று என்றால், அதைத் தவறவிட்டவர் மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். மூன்று நான்கு இருந்தால் அன்றைக்கே போய்ச் சேர வழியுண்டு. லண்டனிலிருந்து நியூயார்க்குக்குப் பொழுது விடிந்தால் பொழுது போகும் வரை விமானங்கள் உண்டு. பளபளப்பில்லாத நிலையமானாலும் இப்படி அடுத்தடுத்து வண்டி உள்ள இடமே உற்ற துணை.

அமெரிக்காவுக்குப் போகிறவர்கள் தனியாக அறிய வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்நாட்டில் முதலில் எந்த ஊரில் இறங்குகிறோமோ அங்கேயே குடியேற்றச் சோதனை முடிந்தாக வேண்டும். பெட்டிகளையும் பெரும்பாலும் அங்கேயே எடுத்துச் சுங்கம் கடந்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். அந்த வரிசை ஒரு நாள் இருபது நிமிஷம், ஒரு நாள் இரண்டு மணி. டல்லாஸுக்குப் போகிறவர் நியூயார்க்கில் இறங்கி மாறுவதைவிட, அமெரிக்காவுக்கு வெளியே ஓர் ஊரில் மாறி, நேரே டல்லாஸில் போய் இறங்குவது மேல். இவ்வகையில் அபுதாபிக்கும் அயர்லாந்தின் டப்ளினுக்கும் ஒரு சிறப்பு உண்டு. அமெரிக்க அதிகாரிகள் அங்கேயே அமர்ந்து சோதனையை முடித்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் இறங்கும்போது உள்நாட்டுப் பயணியைப் போல வெளியே நடந்துவிடலாம். அதற்கேற்ப அவ்வூர்களில் இடைவேளை மட்டும் சற்றுக் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும்.

ஊருக்குள் நுழையாமல் விமானம் மாறுவதற்குக்கூடச் சில நாடுகள் இசைவுச் சீட்டு கேட்கின்றன. இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்களிடம் பிரிட்டன் அதைக் கேட்கும் வழக்கம் உண்டு. செல்லத்தக்க அமெரிக்க விசா இருந்தால் விலக்கும் உண்டு. இவ்விதிகள் ஓசையின்றி மாறுகிறவை. சென்ற ஆண்டு போய்வந்த அண்டை வீட்டாரின் சொல்லை நம்பாமல், அந்நாட்டுத் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டே பணம் கட்ட வேண்டும்.

இத்தனையும் பார்த்துத் தேர்ந்த நிலையமும் ஒரு நாள் கைவிடக்கூடும். பாலைவனத்துத் துபாயில் 2024 ஏப்ரல் 16 அன்று பேய்மழை பெய்து ஓடுபாதைகள் குளமாயின. 2025 மார்ச் 21 அன்று அருகிலிருந்த மின் நிலையம் தீப்பற்றியதால் ஹீத்ரோ மூடிக்கிடந்தது. அதே ஆண்டு ஜூன் 23 அன்று ஏவுகணைத் தாக்குதலின் காரணமாகத் தோஹாவின் வான்வழி அடைபட்டது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் டில்லியில் விடியற்காலை மூடுபனி இறங்கினால் விமானங்கள் தேங்குவதோ ஆண்டுதோறும் காணும் காட்சி. மழையையும் போரையும் யாரும் முன்கூட்டிக் கணிக்க இயலாது, மூடுபனியைக் கணிக்கலாம். மார்கழியில் டில்லி வழியாகப் போகிறவர் விடியற்காலை இணைப்பை ஒதுக்கிவிடுவது நலம்.

முதியவர்களைப் பற்றி ஒரு சொல். சக்கர நாற்காலி வேண்டுமென்று டிக்கெட் வாங்கும்போதே சொல்லி வைக்க வேண்டும். நடக்க முடிந்தவர்கள் இதற்குக் கூச்சப்படுகிறார்கள், வேண்டுவதில்லை. மொழி தெரியாத இடத்தில் அந்த நாற்காலியைத் தள்ளுகிறவர் கால் மட்டுமல்லர், நாக்கும் ஆகிறார். கைப்பையில் ஊறுகாயும் நெய்யும் வேண்டாம். சந்திப்பில் நடக்கும் சோதனையில் அவை திரவக் கணக்கில் சேர்ந்து குப்பைத் தொட்டிக்குப் போகும். மேலும், துபாய் வழியில் முதல் பயணம் நான்கு மணி, அடுத்தது பதினான்கு மணி. லண்டன் வழியில் ஏறக்குறைய பதினொன்றும் எட்டும். கால் வீங்குகிறவர்களுக்குப் பயணத்தை இப்படி ஓரளவு சமமாகப் பிரிப்பதே நல்லது என்பது என் கட்சி.

என் தமக்கையார் இந்தக் கட்சியை ஏற்கவில்லை. 2024இல் மறுபடி புறப்பட்டபோது, 'ஒரே டிக்கெட்டாக வாங்கு. நியூயார்க்கில் வரிசையில் நிற்க மாட்டேன். கால் வீங்கினால் வீங்கட்டும்' என்று சொல்லிவிட்டார். அபுதாபி வழியாக நான்கு மணி இடைவேளையுடன் டிக்கெட் வாங்கினோம். நிறுவனத்தின் பெயர், முனையம், ஏறும் நேரம், மகளின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஓர் அட்டையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கையில் கொடுத்தேன். அங்கே அமெரிக்கச் சோதனை ஒரு மணி நேரத்தில் முடிந்தது என்றும், மீதி நேரத்தில் காப்பி குடித்ததாகவும், காப்பி நன்றாக இல்லை என்றும் பிறகு சொன்னார். நியூயார்க்கில் இறங்கிப் பெட்டியை எடுத்துக்கொண்டு நேரே வெளியே வந்தாராம். வாயிலில் இரண்டு வயதுப் பேத்தி தூக்கக் கலக்கத்துடன் நின்றுகொண்டிருந்தாள்.