களத்துக்கு வெளியே ஓர் அணி

நுழையும்முன்

விளையாட்டு பலருக்குப் பொழுதுபோக்கு. சிலருக்கு அதுவே தொழில். கோப்பையை உயர்த்தி நிற்கும் வீரரின் படத்தை நாளிதழில் காண்கிறோம். அப்படத்தில் இடம்பெறாத ஆண்டுகள் பல. பயணம், காயம், செலவு, தோல்வி, மீண்டும் பயிற்சி என அவை கழிகின்றன. வரிப்பந்தாட்டம் எனத் தமிழில் வழங்கும் டென்னிசைத் தொழிலாகக் கொண்டவர்களின் வாழ்வையும், அவ்வாழ்வைத் தாங்கி நிற்பவர்களையும் இப்பாடம் அறிமுகப்படுத்துகிறது.

எழுவர் ஆட்டமும் ஒருவர் ஆட்டமும்

தாமிரபரணி பாயும் ஊர்களில் கபடி பெரிதும் விரும்பப்படும் ஆட்டம். தூத்துக்குடி மாவட்டத்தின் மணத்தி என்னும் சிற்றூரில் பிறந்த கணேசன், 1994ஆம் ஆண்டு ஹிரோஷிமாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடியவர்; அர்ச்சுனா விருது பெற்றவர். கபடியில் ஓர் அழகிய விதி உண்டு. பிடிபட்டு வெளியேறிய வீரர், தம் அணியினர் எதிரணியில் ஒருவரை வெளியேற்றினால் மீண்டும் களத்துக்குள் வரலாம். வீழ்ந்தவரைத் தோழர் மீட்கும் ஆட்டம் அது.

டென்னிஸ் ஒற்றையர் ஆட்டத்தில் அத்தகைய மீட்பு இல்லை. வலைக்கு இப்பால் ஒருவர், அப்பால் ஒருவர். மாற்று வீரர் கிடையாது. நேரம் முடிந்துவிடும் என்று காத்திருக்கவும் இயலாது. தொழில்முறைத் தொடர்களில், பயிற்சியாளர் பார்வையாளர் வரிசையிலிருந்து அறிவுரை கூறுவதற்கும் நெடுங்காலம் தடை இருந்தது. களத்தில் தனித்து நிற்பவர் டென்னிஸ் வீரர். ஆயினும், அந்தத் தனிமைக்குப் பின்னே கண்ணுக்குத் தெரியாத ஓர் அணி இருக்கிறது. அவ்வணி எது என்பதை நம் மண்ணின் வீரர்கள் சிலருடைய வாழ்விலிருந்து அறியலாம்.

நாகர்கோவில் தந்த வீரர்

திருநெல்வேலியிலிருந்து தெற்கே சென்று ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்தால் நாகர்கோவிலை அடையலாம். இராமநாதன் கிருஷ்ணன் 1937ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் அங்குப் பிறந்தார். அந்நகர் அப்போது திருவிதாங்கூர் அரசின் பகுதியாக இருந்தது. அவருக்கு மட்டை பிடிக்கக் கற்றுத்தந்தவர் தந்தை டி.கே. இராமநாதன், அவரும் டென்னிஸ் வீரரே.

1954ஆம் ஆண்டு விம்பிள்டன் சிறுவர் ஒற்றையர் பட்டத்தைக் கிருஷ்ணன் வென்றார். ஆசியர்களில் அப்பட்டத்தை முதன்முதலில் பெற்றவர் அவரே. 1960, 1961 ஆகிய ஈராண்டுகளிலும் விம்பிள்டன் ஆடவர் ஒற்றையர் அரையிறுதியை எட்டினார். முதலாண்டு நீல் ஃபிரேசரிடமும் மறு ஆண்டு ராட் லேவரிடமும் தோற்றார். அவரை வென்ற இருவருமே அந்தந்த ஆண்டின் பட்டத்தைக் கைப்பற்றினர்.

கிருஷ்ணனின் உள்ளுரத்தைக் காட்டும் ஆட்டம் 1966ஆம் ஆண்டு கல்கத்தாவில் நிகழ்ந்தது. நாடுகளுக்கு இடையிலான டேவிஸ் கோப்பைத் தொடரில் இந்தியாவும் பிரேசிலும் மோதின. இரு நாடுகளும் இரண்டிரண்டு வெற்றிகள் பெற்றிருந்த நிலையில் கடைசி ஆட்டம் தொடங்கியது. எதிரில் நின்றவர் தாமஸ் கோக். ஐந்து செட்களில் மூன்றை வெல்பவரே வெற்றியாளர். கோக் இரண்டு செட்களை வென்றுவிட்டார். நான்காம் செட்டிலும் 5-2 என முன்னிலை பெற்றார். இன்னும் ஒரு கேம் அவருக்குக் கிடைத்தால் எல்லாம் முடிந்துவிடும். அந்நிலையிலிருந்து கிருஷ்ணன் தொடர்ந்து ஐந்து கேம்களை வென்று அந்த செட்டை 7-5 எனக் கைப்பற்றினார். இறுதி செட்டை 6-2 என வென்றார். டேவிஸ் கோப்பையின் இறுதிச் சுற்றுக்கு இந்தியா முதன்முறையாக முன்னேறியது. மெல்போர்னில் நடந்த அச்சுற்றில் ஆஸ்திரேலியா 4-1 என வென்றது. இந்தியாவின் ஒரே வெற்றி, கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் இணைந்து ஆடிய இரட்டையர் ஆட்டத்தில் கிடைத்தது.

ஊதியம் பெறாத உயரம்

இன்றைய மாணவருக்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்று உண்டு. கிருஷ்ணன் விம்பிள்டனில் புகழ்பெற்ற காலத்தில் அங்குப் பரிசுத்தொகை கிடையாது. விம்பிள்டன் உள்ளிட்ட பெருந்தொடர்களும் டேவிஸ் கோப்பையும் 'அமெச்சூர்' எனப்படும், ஆட்டத்தைத் தொழிலாகக் கொள்ளாத வீரர்களுக்கே உரியனவாக இருந்தன. பணம் பெற்று ஆடுவோர் தனியே ஒரு குழுவாக நகர்தோறும் சென்று காட்சி ஆட்டங்கள் ஆடினர். அக்குழுவை நடத்திய அமெரிக்கர் ஜாக் கிரேமர், பெருந்தொகை தருவதாகக் கூறிக் கிருஷ்ணனை அழைத்தார். கிருஷ்ணன் அவ்வழைப்பை ஏற்கவில்லை. ஏற்றிருந்தால் விம்பிள்டனின் கதவும் டேவிஸ் கோப்பையின் கதவும் அவருக்கு அடைபட்டிருக்கும். கல்கத்தாவின் அந்த ஐந்தாம் செட் அவருக்கு வாய்த்திராது.

1968ஆம் ஆண்டு இச்சுவர் தகர்ந்தது. தொழில்முறை வீரரும் பிறரும் ஒரே களத்தில் மோதலாம் என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. அதன்பின் டென்னிஸ் முழுமையான தொழிலாயிற்று. அத்தொழிலில் நுழைந்து உலக அரங்கில் நிலைபெற்ற முதல் தலைமுறைத் தமிழர்களுள் முதன்மையானவர் சென்னையின் விஜய் அமிர்தராஜ். சிறுவயதில் அடிக்கடி நோயுற்ற அவர், உடல் தேறவேண்டும் என்பதற்காகவே மட்டை பிடித்தவர். தாய் மேகி அமிர்தராஜின் ஊக்கம் அவரைத் தாங்கியது. 1973ஆம் ஆண்டிலும் 1981ஆம் ஆண்டிலும் அவர் விம்பிள்டன் காலிறுதி வரை சென்றார்.

1974ஆம் ஆண்டு விஜய், அவருடைய அண்ணன் ஆனந்த் ஆகியோர் ஆடிய இந்திய அணி டேவிஸ் கோப்பை இறுதிச்சுற்றை அடைந்தது. எதிரணி தென்னாப்பிரிக்கா. அந்நாட்டின் நிறவெறிக் கொள்கையை எதிர்த்து இந்தியா அவ்விறுதியில் ஆட மறுத்தது. கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றது. நாடு அறத்தின் பக்கம் நின்றது. அதற்கான விலையில் ஒரு பங்கை இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள் தம் வாழ்நாள் வாய்ப்பால் செலுத்தினர்.

தரவரிசை என்னும் ஏணி

கிராண்ட்ஸ்லாம் எனப்படும் பெருந்தொடர் ஒன்றின் ஒற்றையர் பிரிவில் 128 பேர் களமிறங்குகின்றனர். ஓர் ஆட்டத்தில் தோற்றால் வெளியேற வேண்டும். முதற்சுற்றின் முடிவில் 64 பேர் ஊர் திரும்புவர். ஏழு ஆட்டங்களையும் வென்று கோப்பை பெறுபவர் ஒருவரே. ஏனைய 127 பேரின் தொடரும் தோல்வியிலேயே முடிகிறது. ஆண்டு முழுவதும் பெரும்பாலான வாரங்கள் ஒரு தோல்வியோடு முடிய, அடுத்த திங்கட்கிழமை வேறொரு நகரில் புதிதாகத் தொடங்குவதே இத்தொழிலின் இயல்பு.

அத்தொடர்களுக்குள் நுழைய உலகத் தரவரிசையில் உயர்ந்த இடம் வேண்டும். வெற்றிகளுக்கேற்பப் புள்ளிகள் வழங்கப்படும். ஒரு தொடரில் பெற்ற புள்ளி 52 வாரங்களே கணக்கில் நிற்கும், பின்னர் நீங்கிவிடும். தாமிரபரணிப் பாசனத்து உழவருக்கு இது எளிதில் விளங்கும். சென்ற பிசானத்தில் களம் நிறைய நெல் கண்டிருந்தாலும், இந்தக் காருக்கு மீண்டும் நாற்றங்காலிலிருந்தே தொடங்க வேண்டும். டென்னிஸ் வீரரும் ஆண்டுதோறும் புதிதாக விதைத்தே அறுக்க வேண்டியவர்.

ஏணியின் அடிப்படியில் இருக்கும் பன்னாட்டுத் தொடர்கள் சிலவற்றின் மொத்தப் பரிசுத்தொகையே 15,000 டாலர். ஒற்றையர் பட்டம் வெல்பவருக்கு அதில் கிடைப்பது இரண்டாயிரம் டாலரை ஒட்டிய தொகை. முதற்சுற்றில் தோற்பவருக்குக் கிடைப்பது விடுதி வாடகைக்கே போதாது. மாதச் சம்பளம் இல்லை. வானூர்திக் கட்டணம், தங்குமிடம், உணவு, பயிற்சியாளர் ஊதியம், மட்டை நரம்பு மாற்றும் செலவு ஆகிய அனைத்தும் வீரரைச் சார்ந்தவை.

தெரிந்து தெளிவோம்
கிராண்ட்ஸ்லாம் தொடர்கள் நான்கு. ஆஸ்திரேலிய ஓபன் சனவரியிலும், பிரெஞ்சு ஓபன் மே, சூன் மாதங்களிலும், விம்பிள்டன் சூன், சூலை மாதங்களிலும், அமெரிக்க ஓபன் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களிலும் நடைபெறும். பிரெஞ்சு ஓபன் செம்மண் களத்திலும், விம்பிள்டன் புல்தரையிலும், மற்ற இரண்டும் கடினத் தரையிலும் ஆடப்படுகின்றன.

தொள்ளாயிரம் யூரோ

1989ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய ஓபனின் இரண்டாம் சுற்றில், அப்போது உலகின் முதல்நிலை வீரராக இருந்த மேட்ஸ் விலாண்டரை ஓர் இந்தியர் நேர் செட்களில் வென்றார். அவர் இரமேஷ் கிருஷ்ணன், இராமநாதன் கிருஷ்ணனின் மகன், பாட்டனாரிடம் பயின்றவர். வலிமையைவிட நுட்பத்தை நம்பிய ஆட்டம் அவருடையது. அவருக்குப்பின், கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் ஆட்டத்தில் தரநிலை வழங்கப்பெற்ற வீரர் ஒருவரை இன்னோர் இந்தியர் வெல்ல 35 ஆண்டுகள் ஆயின.

வென்றவர் அரியானாவைச் சேர்ந்த சுமித் நாகல். 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் இந்திய ஒற்றையர் வீரர்களுள் முதலிடத்தில் இருந்தார். அப்போது தம் வங்கிக் கணக்கில் இருப்பது 900 யூரோ மட்டுமே என வெளிப்படையாகக் கூறினார். அது ஏறத்தாழ எண்பதாயிரம் ரூபாய். ஓராண்டு ஆடுவதற்கோ எண்பது இலட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை செலவாகிறது என்றார். பரிசுத்தொகையும் பணியிட ஊதியமும் பயணத்திலேயே கரைந்துகொண்டிருந்தன.

நான்கு மாதங்கள் கழித்து, 2024 சனவரியில், தகுதிச்சுற்றில் மூன்று ஆட்டங்களை வென்று அவர் ஆஸ்திரேலிய ஓபனுக்குள் நுழைந்தார். முதற்சுற்றில் 31ஆம் தரநிலையில் இருந்த அலெக்சாண்டர் பப்லிக்கை வீழ்த்தினார். அடுத்த சுற்றில் தோற்றாலும் 1,80,000 ஆஸ்திரேலிய டாலர் கிடைத்தது. அது அவருடைய ஓராண்டுச் செலவை ஒத்த தொகை. அடுத்த மாதம் சென்னையில் நடந்த சேலஞ்சர் தொடரை வென்று உலகின் முதல் நூறு வீரர்களுள் ஒருவரானார். ஒரு வெற்றி ஓராண்டை வாங்கித் தந்தது. அந்த வெற்றி கைகூடும்வரை தாக்குப்பிடிக்க வழியின்றி இத்தொழிலை விட்டு விலகுவோர் நம் கண்ணில் படுவதில்லை.

உடல் என்னும் முதல்

இத்தொழிலில் வீரரின் முதலீடு அவருடைய உடலே. சென்னையின் பிரஜ்னேஷ் குணேஸ்வரன், முழங்கால் காயங்களால் இளமையின் பல ஆண்டுகளைக் களத்துக்கு வெளியே கழித்தவர். மற்றவர்கள் உச்சத்தில் இருக்கும் பருவத்தில் அவர் அடித்தளத்திலிருந்து மீண்டும் ஏறினார். 2019ஆம் ஆண்டு, தம் 29ஆம் வயதில், உலகத் தரவரிசையில் 75ஆம் இடத்தை எட்டினார். 2024இல் ஓய்வு பெற்றார். குடகைச் சேர்ந்த ரோகன் போபண்ணாவோ, 43ஆம் வயதில் ஆஸ்திரேலிய ஓபன் இரட்டையர் பட்டத்தை வென்று, இரட்டையர் தரவரிசையில் உலகின் முதலிடத்தையும் அடைந்தார்.

பெண்களுக்கு இப்பாதை மேலும் நெடியது. கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன், தந்தையிடம் ஆட்டம் பயின்றவர். 1998ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய ஓபனின் முதன்மைச் சுற்றில் ஓர் ஒற்றையர் ஆட்டத்தை வென்றார். 1968க்குப் பிந்தைய காலத்தில் இப்பெருமையைப் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். ஒரே ஒரு சுற்று வெற்றிதான். ஆயினும் இந்தியப் பெண்களாலும் இது இயலும் என்பதற்கு அதுவே சான்றாயிற்று.

மீட்பவர் யார்?

இராமநாதன் கிருஷ்ணனுக்கும் இரமேஷ் கிருஷ்ணனுக்கும் வாய்த்தவர் டி.கே. இராமநாதன், விஜய்க்கு வாய்த்தவர் தாய், நிருபமாவுக்கு வாய்த்தவர் தந்தை. களத்தில் வீழ்ந்தவரை மறுவாரம் மீண்டும் களத்துக்கு அனுப்பியவர்கள் இவர்களே. கபடியில் தோழர் செய்யும் மீட்பை, டென்னிசில் களத்துக்கு வெளியே இருக்கும் அணி செய்கிறது.

ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் மட்டை பிடிக்கத் தெரிந்த தந்தை வாய்ப்பதில்லை. அவ்விடத்தைப் பிறர் நிரப்ப வேண்டும். ஓய்வுபெற்ற வீரர்கள் சிலர் அதைச் செய்துள்ளனர். அமிர்தராஜ் குடும்பத்தினர் சென்னையில் 1980களில் தொடங்கிய பயிற்சித் திட்டத்தில் வளர்ந்தவர் லியாண்டர் பயஸ். 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஒற்றையர் வெண்கலம் வென்றவர். இராமநாதன் கிருஷ்ணனும் இரமேஷும் சென்னையில் பயிற்சி மையம் அமைத்து இளையோருக்குக் கற்பித்தனர். சென்னை நுங்கம்பாக்கம் அரங்கில் 1997 முதல் 2017 வரை ஆண்டுதோறும் நடைபெற்ற சென்னை ஓபன், உலகின் முன்னணி வீரர்களை நம் இளையோர் அருகிலிருந்து காணச் செய்தது.

இவை பெரும்பாலும் தலைநகரில் நிகழ்ந்தவை. ஆழ்வார்குறிச்சியிலோ திருவைகுண்டத்திலோ உள்ள ஒரு மாணவிக்குத் திறமை இருந்தால், அதைக் கண்டுகொள்ளும் ஆசிரியர், நடந்து செல்லும் தொலைவில் ஓர் ஆடுகளம், முதல் சில ஆண்டுகளின் செலவைப் பகிரும் கை ஆகியவை அவளுக்கு வேண்டும். பாளையங்கோட்டையின் கல்வி நிலையங்கள், தலைமுறை தலைமுறையாகச் சிற்றூர்ப் பிள்ளைகளை மருத்துவராகவும் ஆசிரியராகவும் ஆக்கி அனுப்பியுள்ளன. கல்விக்கு ஊர் கூடிச் செய்த அதனை விளையாட்டுக்கும் செய்யலாம். அவள் விம்பிள்டன் வெல்வாளா என்பதை இன்று எவரும் அறியார். தோற்ற மறுநாள் அவள் மீண்டும் களத்துக்கு வர இயலுமா என்பது அவளுடைய திறமையைப் பொறுத்தது மட்டுமன்று, நம்மையும் பொறுத்தது.

கற்பவை கற்றபின்

1. 128 பேர் பங்கேற்கும் தொடரில் மொத்தம் எத்தனை ஆட்டங்கள் நடைபெறும் எனக் கணக்கிட்டு, அதை எளிதில் கண்டறியும் வழியை வகுப்பறையில் விளக்குக.
2. உங்கள் பகுதியில் வாழும் விளையாட்டு வீரர் ஒருவரை நேர்காண, அவருக்குத் துணைநின்றவர்களைப் பற்றி அறியும் வகையில் பத்து வினாக்களை உருவாக்குக.
3. 'விளையாட்டைத் தொழிலாகத் தேர்ந்தெடுத்தல்' என்னும் தலைப்பில் மாணவர், பெற்றோர், பயிற்சியாளர் மூவரும் உரையாடுவதாக ஓர் உரையாடல் எழுதுக.