கடலுக்கடியில் கஞ்சா மயக்கம்!

"அம்மா, அந்தமான்ல ஸ்கூபா டைவிங் பண்ணப் போறோம். பணம் அனுப்பி வையேன்!"

முன்பெல்லாம் காலேஜ் பிள்ளைகளுக்கு 'டூர்' என்றால் ஊட்டி, கொடைக்கானல், மிஞ்சிப் போனால் கோவா. இப்போது ஸ்வராஜ் தீவு (2018 டிசம்பரில் பெயர் மாறிய ஹேவ்லாக்தான்), தாய்லாந்தின் கோ தாவோ என்று பேசுகிறார்கள். இதோ, புதுச்சேரியிலேயே கடலுக்குள் முங்கக் கற்றுக் கொடுக்கிறார்கள். புதுசாகக் கல்யாணமான ஜோடிகள் கலர் கலரான மீன்களோடு போட்டோ எடுத்துக்கொண்டு வந்து காட்டும்போது, நமக்கும் கொஞ்சம் ஆசையாகத்தான் இருக்கிறது.

பிள்ளை இப்படிக் கேட்டதும் நாம் என்ன கேட்போம்? நீச்சல் வருமா, சுறா இருக்குமா, சாப்பாட்டுக்கு என்னடா பண்ணுவே... இத்தோடு சரி. முந்தின நாள் ராத்திரி கடற்கரையில் உட்கார்ந்து என்ன செய்வார்கள் என்று கேட்கத் தோன்றுவதில்லை. அங்கேதான் வினையே! கூட்டத்தில் ஒருவன் கஞ்சா உருட்டுவான். "சாராயமா குடிக்கிறோம்? மூலிகைதானே, சும்மா ஒரு இழுப்பு" என்பான். மறுநாள் காலை ஏழு மணிக்குப் படகு.

நம் நாட்டில் 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா குற்றம். ஆனால் இலையிலிருந்து செய்யும் பாங் அந்தச் சட்டத்தில் வராது. வடக்கே சில மாநிலங்களில் லைசென்ஸ் கடைகளிலேயே விற்கிறார்கள். தாய்லாந்தில் 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். பெட்டிக்கடை மாதிரி தெருவுக்குத் தெரு கடைகள் முளைத்தன. 2025 ஜூனில், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று பிடியை இறுக்கினார்கள். சட்டம் எப்படியோ போகட்டும். தண்ணீருக்குள் போனதும் உடம்பில் என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம்.

கடலில் ஒவ்வொரு பத்து மீட்டர் இறங்கும்போதும், நாம் தரையில் சுமக்கும் காற்றின் அழுத்தம் அளவுக்கு இன்னொரு பங்கு கூடுகிறது. பத்து மீட்டரில் இரண்டு மடங்கு, முப்பது மீட்டரில் நான்கு மடங்கு. முதுகில் கட்டிய சிலிண்டரிலிருந்து அதே அழுத்தத்தில்தான் காற்று வரும். பத்து மீட்டர் ஆழத்தில் ஒருவர் மூச்சை நிறைய இழுத்து, அடக்கிக்கொண்டே மேலே வந்தால் அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் என்ன ரப்பர் பலூனா? நிறைந்த மூச்சோடு ஒன்றரை மீட்டர் எழும்பினாலே கிழிந்துபோகலாம். காற்றுக்குமிழி ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போனால், பக்கவாதம் போலச் சாய்த்துவிடும். 'எக்காரணம் கொண்டும் மூச்சை அடக்காதே' என்பதுதான் முக்குளிப்புப் பள்ளியில் சொல்லித் தரும் முதல் பாடம்.

இரண்டாவது விஷயத்துக்கு கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். மூடியிருக்கும் வரை குமிழி தெரியாது. கோலியை அமுக்கினதும் 'புஸ்'ஸென்று பொங்கும். அழுத்தத்தில் நைட்ரஜன் வாயு ரத்தத்திலும் தசையிலும் கரைந்து நிற்கிறது. விறுவிறுவென்று மேலே வந்தால் அதுவும் அப்படித்தான் பொங்கும். மூட்டுவலி, மரத்துப்போதல், தலைசுற்றல், கால் விழுந்துபோவது வரை கொண்டுவிடும். அதனால்தான் மெதுவாக ஏறி, ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிஷம் நின்றுவிட்டு வெளியே வரச் சொல்கிறார்கள்.

இப்போது கஞ்சாவுக்கு வருவோம். அது முதலில் கை வைப்பது நேர உணர்வில்! ஒரு நிமிஷம் ஐந்து நிமிஷமாகத் தோன்றும். சற்று முன் பார்த்தது மறந்துபோகும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறப்பது போல. ஆனால் இங்கே பொங்கி வழிந்தால் துடைத்துவிடலாம். அங்கே மறப்பது சிலிண்டரில் மீதி எவ்வளவு காற்று என்பதை. இருநூறு 'பார்' அழுத்தத்தோடு இறங்கியவர் ஐம்பது மீதியிருக்கும்போதே மேலே வந்துவிட வேண்டும். இடையிடையே மீட்டரைப் பார்க்க வேண்டும், ஜோடியாக வந்தவருக்குச் சைகை காட்ட வேண்டும். அவருடைய காற்று தீர்ந்தால் தன் இரண்டாவது குழாயைக் கொடுக்க வேண்டும். தன் உயிர் மட்டுமில்லை, பக்கத்தில் இருப்பவர் உயிரும் இவர் கையில்தான்.

சிலருக்குக் கஞ்சா சிரிப்பைத் தரும்; சிலருக்குக் காரணமில்லாத பயத்தைத் தரும். வீட்டில் பயம் வந்தால் விளக்கைப் போட்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கலாம். பதினைந்து மீட்டர் ஆழத்தில் முகமூடிக்குள் கொஞ்சம் தண்ணீர் புகுந்து, கூடவே பயமும் பிடித்துக்கொண்டால்? மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்வார். எதைச் செய்யக் கூடாது என்று முதல் பாடத்திலேயே சொன்னார்களோ, அதையே!

ஆழத்துக்கே சொந்தமாக ஒரு போதை உண்டு என்பது தெரியுமா? சுமார் முப்பது மீட்டரில், நைட்ரஜனே மதுவைப் போல மயக்கும். பிரெஞ்சுக்காரர் கூஸ்தோ இதை 'ஆழத்தின் போதை' என்றே வர்ணித்தார். கரையிலிருந்தே ஒரு மயக்கத்தை ஏற்றிக்கொண்டு போனவருக்கு இது இரண்டாவது மயக்கம். இரண்டும் கைகோத்துக்கொள்ளும் என்று முக்குளிப்பு மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள்.

இதயத்துக்கும் இது ஆகாது. கஞ்சா நாடித்துடிப்பைக் கூட்டுகிறது. தண்ணீரில் இறங்கினாலே கைகால் ரத்தம் நெஞ்சுக்கு ஏறி, இதயத்துக்கு வேலை கூடிவிடும். கஞ்சா பிடித்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு என்று 2001-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு சொன்னது. நாற்பது தாண்டிய வீட்டுக்காரர், 'பழைய காலேஜ் நண்பர்களோடு போகிறேன்' என்று கிளம்பினால் அவருக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். தினமும் புகைப்பவருக்கு இருமலும் சளியும் வேறு. சளி அடைத்த குழாய்க்குப் பின்னால் சிக்கிய காற்று, மேலே வரும்போது விரிய இடமில்லாமல் தவிக்கும். காது அடைப்பையும் சரியாக விடுவிக்க முடியாது.

"அப்படின்னா எத்தனை மணி நேரம் கழிச்சுப் போகலாம்?" என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டாள். கெட்டிக்காரக் கேள்வி. புகைத்தால் மயக்கம் சில மணி நேரத்தில் தெளிந்தது போலிருக்கும், ஆனால் மந்தம் மறுநாளும் இருக்கக்கூடும். அந்த வஸ்து கொழுப்பில் தங்குகிற ஜாதி, சீக்கிரம் வெளியேறாது. ஆகவே 'இத்தனை மணி' என்று கணக்குப் போட்டு விளையாட வேண்டாம். அந்தப் பயணம் முழுக்கவே அதைத் தொடாமலிருப்பதுதான் கணக்கு. பிஸ்கட், கேக், மிட்டாய் என்று தின்னும் வகை இன்னும் மோசம். அரை மணியிலிருந்து இரண்டு மணி வரை ஒன்றும் தெரியாது. "ஏறவே இல்லையே" என்று இன்னொன்றை வாயில் போட்டுக்கொள்வார்கள். படகு நடுக்கடலுக்குப் போகும் நேரத்தில் இரண்டும் சேர்ந்து ஏறும், பன்னிரண்டு மணி நேரம்கூட இறங்காது.

இன்னொரு விபரீதம் கரைக்கு வந்த பிறகு. நைட்ரஜன் குமிழி நோய் வந்தவர் சோர்ந்து, தடுமாறி, உளறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கஞ்சா பிடித்தவரும் அதே மாதிரிதான். "விடுடா, அவனுக்கு ஏறிடுச்சு, தூங்கினா சரியாயிடும்" என்று நண்பர்கள் படுக்கப் போட்டுவிட்டால் போச்சு! அவருக்கு வேண்டியது உடனடியாகச் சுத்தமான ஆக்ஸிஜனும், அழுத்த அறை உள்ள ஆஸ்பத்திரியும். அந்த அறை எல்லாக் கடற்கரையிலும் கிடையாது. போய்ச் சேரவே நேரமாகும். போலீஸ் பயத்தாலும், அதைவிட அம்மா பயத்தாலும் பிள்ளைகள் டாக்டரிடம் மறைப்பார்கள். ஆகவே கிளம்பும்போதே, "என்ன தப்பு நடந்திருந்தாலும் டாக்டர்கிட்ட உள்ளதைச் சொல்லிடு. திட்டறதை நான் அப்புறம் வச்சுக்கறேன்" என்று சொல்லி அனுப்புங்கள்.

முக்குளித்த கையோடு விமானம் ஏறுவதும் கூடாது. ஒரே ஒரு முறை இறங்கினால் பன்னிரண்டு மணி, பல தடவை இறங்கினால் பதினெட்டு மணியாவது விட வேண்டும். டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். மசக்கையாயிருக்கும் பெண்கள் கடலுக்குள் இறங்கவே வேண்டாம். கடல் பயணத்துக்கென்று போடும் வாந்தி மாத்திரைகளில் பல தூக்கத்தைத் தரும். அதையும் டாக்டரைக் கேட்காமல் போட்டுக்கொண்டு இறங்கக் கூடாது.

பிள்ளைகள் திரும்பி வந்ததும் துணி துவைக்கப் பெட்டியைத் திறக்கிறீர்கள். தாய்லாந்து மிட்டாய்ப் பாக்கெட் ஒன்று இருந்தால், பிரித்து வீட்டிலுள்ள வாண்டுகளுக்குப் பங்கு வைக்காதீர்கள். என்ன போட்டிருக்கிறது என்று முதலில் கேளுங்கள். கஞ்சா கலந்ததென்றால், நம் நாட்டுக்குள் கொண்டுவந்ததே குற்றம். அதைவிடப் பெரிய கவலை, சின்னக் குழந்தை ஒன்று தின்றாலும் எழுப்ப முடியாத தூக்கமும் தள்ளாட்டமும் வரும், மூச்சே மந்தமாகலாம். அப்படி ஏதாவது கண்டால் மோர் கொடுத்துப் பார்க்கலாம், எலுமிச்சை கொடுத்துப் பார்க்கலாம் என்று நிற்காமல், அந்தப் பாக்கெட்டையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.