"பார்மட் செய்யட்டுமா?" கம்ப்யூட்டர் கேட்டால் அவசரப்படாதீர்கள்!

உங்கள் வீட்டு அலமாரியில் பழைய சி.டி., டி.வி.டி. தட்டுகள் இருக்கின்றனவா?

பல வீடுகளில் இருக்கும். மகளின் கல்யாணம் ஒரு தட்டில். பேரனின் காதுகுத்து இன்னொரு தட்டில். இன்று உயிரோடு இல்லாத தாத்தா, அந்தத் தட்டில் பந்தியில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்.

அதை ஆசையோடு எடுத்துக் கம்ப்யூட்டரில் போடுகிறோம். படம் வருவதில்லை. அதற்குப் பதில் ஒரு கேள்வி வருகிறது.

"இந்தத் தட்டு காலியாக இருக்கிறது. பார்மட் செய்யட்டுமா?"

என்ன பதில் சொல்வது?

"வேண்டாம்" என்று சொல்லுங்கள். உடனே தட்டை வெளியே எடுத்து விடுங்கள்.

பார்மட் என்பது சிலேட்டைத் துடைத்து, புதிதாகக் கோடு போடுவதைப் போன்றது. புதுத் தட்டுக்கு அது நல்லது. பழைய தட்டுக்கு அது ஆபத்து! தட்டில் படம் இருந்தும் கம்ப்யூட்டருக்கு அது தெரியாமல் போகலாம். தெரியாததைக் "காலி" என்று சொல்லிவிடும். அதை நம்பி "சரி" என்று அமுக்கினால், இருந்ததும் போய்விடும்.

தட்டில் எழுதும்போது வரும் கோளாறுகள் பல. ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. காரணம் தெரிந்தால் பயம் இல்லை.

தட்டுக்குள் என்ன இருக்கிறது?

சி.டி. தட்டு 1982-ம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. பிலிப்ஸ், சோனி என்ற இரண்டு கம்பெனிகள் சேர்ந்து அதை உருவாக்கின. முதலில் பாட்டுக் கேட்கத்தான் அது பயன்பட்டது. நாமே எழுதக்கூடிய தட்டு பிறகு வந்தது. ஜப்பானில் 1988-ல் அதைச் செய்தார்கள்.

தட்டின் அகலம் 12 சென்டிமீட்டர். கனம் 1.2 மில்லிமீட்டர். பார்ப்பதற்கு வெறும் பிளாஸ்டிக். ஆனால் அதற்குள் மெல்லிய சாயப் பூச்சு ஒன்று இருக்கிறது. அதை ஒட்டிக் கண்ணாடி போல மின்னும் உலோகப் பூச்சும் இருக்கிறது.

எழுதும் மெஷின், லேசர் ஒளியை அந்தச் சாயத்தின் மேல் பாய்ச்சுகிறது. ஒளியின் சூட்டில் சாயம் அங்கங்கே மாறுகிறது. மாறிய இடம், மாறாத இடம் என்ற இரண்டும்தான் எழுத்து. இதைத்தான் "பர்ன்" செய்வது, அதாவது எரிப்பது, என்கிறார்கள்.

கைமுறுக்கு சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் தொடங்கி, சுற்றிச் சுற்றி வெளியே வரும். தட்டில் எழுதுவதும் அப்படித்தான். ஒரு சி.டி.யில் உள்ள அந்தச் சுற்றை நீட்டி வைத்தால் 5 கிலோமீட்டருக்கு மேல் வரும்!

அழியும் தட்டு, அழியாத தட்டு

தட்டின் மேல் "ஆர்" என்று மட்டும் போட்டிருந்தால், அதில் ஒருமுறைதான் எழுத முடியும். மாறிய சாயம் பழைய நிலைக்குத் திரும்பாது.

"ஆர்.டபிள்யூ." என்று போட்டிருந்தால் அழித்து எழுதலாம். அதில் சாயம் இல்லை. உலோகக் கலவை ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 1,000 தடவை எழுதலாம் என்பது கணக்கு.

பார்மட் செய்தால் அதிக ஆபத்து இந்த ஆர்.டபிள்யூ. தட்டுக்குத்தான். "விரைவாக அழி" என்றால் பொருளடக்கம் மட்டும் போகும். "முழுவதும் அழி" என்றால் எல்லாமே போகும். பொருளடக்கம் போனாலே சாதாரண மெஷின் அந்தத் தட்டைப் படிக்காது.

ஆகவே கல்யாணப் படத்தை ஆர்.டபிள்யூ. தட்டில் வைக்காதீர்கள்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. டி.வி.டி.யில் கழித்தல் குறி போட்ட தட்டு 1997-ல் வந்தது. கூட்டல் குறி போட்ட தட்டு அதற்குப் பிறகு வந்தது. பிந்தி வந்த மெஷின்கள் இரண்டையும் படிக்கும். மிகப் பழைய மெஷின்களில் சில, ஒன்றைத்தான் படிக்கும். தட்டு ஓடவில்லை என்றால் இந்தக் குறியையும் பாருங்கள்.

மூடாத தட்டு

தட்டு நன்றாக இருக்கிறது. கீறலும் இல்லை. ஆனாலும் "காலி" என்கிறதே! ஏன்?

தட்டை மூடாமல் விட்டிருக்கலாம். எழுதி முடித்ததும் மெஷின் ஒரு முடிவுரை எழுத வேண்டும். எது எங்கே இருக்கிறது என்ற பொருளடக்கத்தையும் எழுத வேண்டும். இதை "பைனலைஸ்" செய்வது என்பார்கள். இதைச் செய்யாத தட்டு, எழுதிய மெஷினில் ஓடும். வேறு மெஷினில் ஓடாமல் போகலாம்.

வீடியோ கேமராவிலேயே சிறிய டி.வி.டி. தட்டைப் போட்டுப் படம் பிடித்தவர்கள் உண்டு. டி.வி. பெட்டியோடு இணைத்த ரிக்கார்டரில் பதிவு செய்தவர்களும் உண்டு. அவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம்.

வழி என்ன? பதிவு செய்த அதே கேமராவிலோ ரிக்கார்டரிலோ தட்டைப் போடுங்கள். "பைனலைஸ்" என்ற இடத்தைத் தேடி அமுக்குங்கள். முடியும் வரை கரண்டை நிறுத்தாதீர்கள். அந்த மெஷின் இப்போது இல்லையா? மூடாத தட்டையும் படிக்கும் மீட்புப் புரோகிராம்கள் இருக்கின்றன. தெரிந்தவரிடம் கொடுத்து எடுக்கலாம்.

பழைய படங்கள் எங்கே?

சிலர் ஒரே தட்டில் பல நாள் எழுதுவார்கள். பொங்கலுக்குக் கொஞ்சம், தீபாவளிக்குக் கொஞ்சம். தீபாவளிப் படம் தெரியும். பொங்கல் படத்தைக் காணோம்!

அழிந்துவிட்டதா? இல்லை. இரண்டாவது தடவை எழுதும்போது பழைய பொருளடக்கத்தைச் சேர்த்துக்கொள்ளாமல் எழுதிவிட்டார்கள். அதனால் புதியது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. ஆர் தட்டாக இருந்தால் பழையது உள்ளேயே இருக்கும். முன்பு எழுதிய பகுதிகளையும் காட்டும் புரோகிராமில் பார்த்தால் கிடைக்கும்.

இரண்டு வகை பார்மட்

இனி, புதிதாக எழுதுகிறவர்களுக்கு.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் காலித் தட்டைப் போட்டால், தட்டை எப்படி உபயோகிக்கப் போகிறீர்கள் என்று கேட்கும். "பென் டிரைவ் போல" என்பது ஒன்று. "சி.டி., டி.வி.டி. பிளேயருக்காக" என்பது மற்றொன்று.

முதல் வகையில் ஒவ்வொரு பைலாகப் போடலாம், எடுக்கலாம். வசதிதான். ஆனால் பழைய கம்ப்யூட்டரும், வீட்டு பிளேயரும் அதைப் படிக்காமல் போகலாம். ஒருமுறை எழுதும் தட்டில் பைலை அழித்தாலும் இடம் திரும்பக் கிடைக்காது. தட்டை வெளியே எடுக்கும்போது அதை மூட மெஷினுக்குச் சிறிது நேரம் ஆகும். அப்போது பொறுமை வேண்டும்.

இரண்டாவது வகையில் எல்லாப் பைல்களையும் ஒன்றாகச் சேர்த்து, ஒரே மூச்சில் எழுதி, மூடிவிடும். பாதுகாத்து வைக்க இதுவே நல்லது.

ஆனால் ஒன்று. இப்படி எழுதினாலும் அது பைல்கள் உள்ள தட்டுதான். பழைய பிளேயர்கள் பல, டி.வி.டி. வீடியோ என்ற முறையில் அமைத்த படத்தைத்தான் காட்டும். செல்போன் படத்தை அப்படியே எழுதிக் கொடுத்தால், "தட்டு சரியில்லை" என்று சொல்லும். தட்டின் மேல் தப்பு இல்லை. வீடியோ டி.வி.டி. செய்வதற்கென்று உள்ள புரோகிராமில் எழுத வேண்டும்.

"ஐ.எஸ்.ஓ." என்று முடியும் பைலிலும் ஒரு சிக்கல் உண்டு. அது ஒரு முழுத் தட்டின் நகல். அதைச் சாதாரணப் பைல் போல எழுதினால், தட்டுக்குள் ஒரே ஒரு பைல்தான் இருக்கும். "இமேஜை எழுது" என்று உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பாதியில் நின்றால்?

எழுதும்போது பாதியில் நின்றுவிடுகிறதா? இவற்றைப் பாருங்கள்.

இடம் போதுமா? டி.வி.டி. தட்டில் 4.7 ஜி.பி. என்று போட்டிருக்கும். கம்ப்யூட்டரில் 4.38 என்று காட்டும். ஏமாற்று அல்ல. தட்டுச் செய்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். கம்ப்யூட்டர் 1,024 ஆக எண்ணுகிறது. 4.5 ஜி.பி. படத்தை அதில் திணிக்க முடியாது.

வேகம் அதிகமா? தட்டில் 16 என்று போட்டிருந்தாலும் 8 மடங்கு வேகத்தில் எழுதுங்கள். முழு டி.வி.டி.யும் ஏறக்குறைய 10 நிமிடத்தில் முடிந்துவிடும்.

கம்ப்யூட்டருக்கு வேறு வேலை கொடுத்தீர்களா? முறுக்கு சுற்றும்போது கையில் மாவு தீர்ந்தால் முறுக்கு அறுந்துவிடும். எழுதும் மெஷினுக்கும் செய்தி இடைவிடாமல் வர வேண்டும். 2000-ம் ஆண்டுக்குப் பிறகு வந்த மெஷின்களில், நின்ற இடத்தில் மறுபடி தொடரும் வசதி வந்தது. ஆனாலும் எழுதும்போது படம் பார்ப்பது, விளையாடுவது வேண்டாம். பென் டிரைவிலிருந்து நேராக எழுதாமல், முதலில் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டு எழுதுங்கள்.

வெளியே செருகும் மெஷினா? அதற்குக் கரண்ட் போதாமல் இருக்கலாம். பல பிளக் உள்ள பெட்டியில் செருகாமல், கம்ப்யூட்டரிலேயே நேராகச் செருகுங்கள்.

தட்டு நல்லதா? ஒரு கட்டில் இரண்டு தட்டு வீணானால் வேறு கம்பெனித் தட்டில் எழுதிப் பாருங்கள். அதிலும் நின்றால் மெஷினின் லேசர் தேய்ந்திருக்கலாம், அல்லது தூசி படிந்திருக்கலாம்.

எழுதி முடிந்தது என்று சொன்னால் மட்டும் போதாது. "சரிபார்" என்ற இடத்தில் டிக் போடுங்கள். எழுதியதைப் படித்து ஒத்துப் பார்க்கும். பிறகு வேறு ஒரு மெஷினிலும் போட்டுப் பாருங்கள். அதற்கு முன்னால் கேமராவில் உள்ளதை அழிக்காதீர்கள்!

மேல் பக்கம் ஜாக்கிரதை

கீழே மின்னும் பக்கத்தில்தான் எழுத்து இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். சி.டி.யில் அது மேல் பக்கத்தை ஒட்டி இருக்கிறது. பெயர் எழுதும் பக்கம்! அங்கே பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் எழுத்து கெடும். டி.வி.டி.யில் அது நடுவில் இருப்பதால் கொஞ்சம் பாதுகாப்பு.

அமெரிக்க அரசின் தர அளவீட்டு நிலையம் 2003-ல் நூலகங்களுக்காக ஒரு கையேடு வெளியிட்டது. அதில் சொல்லியிருப்பவை: தட்டை ஓரத்தில் பிடியுங்கள். ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். பெட்டியில் போட்டு நிமிர்த்தி வையுங்கள். வெயிலும் ஈரமும் படாமல் பாருங்கள்.

சாயம் என்பதால் வெயிலில் அது கெடும். ஜன்னலோரம் தட்டை வைக்காதீர்கள்.

அழுக்கைத் துடைக்க மென்மையான துணி போதும். நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால், ஏற்படும் கீறல் எழுத்தின் போக்கிலேயே போகும். அதைத்தான் மெஷினால் சமாளிக்க முடியாது. பற்பசை தேய்ப்பது வேண்டாம்.

இப்போதே செய்யுங்கள்

இன்று வரும் பல லேப்டாப்களில் தட்டுப் போடும் இடமே இல்லை. தட்டுச் செய்யும் கம்பெனிகளும் குறைகின்றன. ஜப்பானில் பெயர் பெற்ற தாயோ யூடன் 2015-ல் இந்தத் தொழிலை விட்டது. சோனி கம்பெனி, எழுதக்கூடிய புளூ-ரே தட்டுகள் செய்வதை 2025 பிப்ரவரியில் நிறுத்தியது.

ஆகவே தட்டில் உள்ளதை வெளியே எடுத்து வைப்பதே புத்திசாலித்தனம். வெளியே செருகும் மெஷின் கடைகளில் கிடைக்கிறது. இல்லாவிட்டால் தெரிந்தவரிடம் இரவல் வாங்குங்கள்.

முதலில் மிக முக்கியமான தட்டை எடுங்கள். துடைத்துப் போடுங்கள். படித்தால், உடனே முழுவதையும் கம்ப்யூட்டரில் நகல் எடுங்கள். "பிறகு பார்க்கலாம்" வேண்டாம். பாதியில் நின்றால் வேறு மெஷினில் போட்டுப் பாருங்கள். ஒரு மெஷின் படிக்காததை இன்னொன்று படிப்பது உண்டு. அதுவும் முடியாவிட்டால், கெட்ட இடத்தைத் தாண்டி மற்றதை எடுக்கும் புரோகிராம்கள் இருக்கின்றன. டிடிரெஸ்கியூ அவற்றில் ஒன்று. இலவசமாகவே கிடைக்கிறது.

எடுத்த நகலை இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று உங்கள் வீட்டில். மற்றொன்று மகள் வீட்டிலோ தம்பி வீட்டிலோ. பழைய தட்டையும் தூக்கி எறியாதீர்கள்.

பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்களா? தட்டுகளை எடுத்து, எதில் என்ன இருக்கிறது என்று அவர்களையே ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். இன்றைக்கு ஒரு தட்டையாவது நகல் எடுத்துவிடுங்கள்!