சுவரும் தளிரும்: பெயர் சுட்டாத படங்கள்

ஒளிப்படம் ஒன்றைக் கையில் எடுத்ததும் "இது யார்? இது எந்த இடம்?" என்று கேட்பதே நமது வழக்கம். கலியாண அல்பமாயினும் சரி, பத்திரிகைப் படமாயினும் சரி, ஆளும் ஊரும் தெரிந்தால்தான் நமக்குத் திருப்தி. அவ்விரு கேள்விகளுக்கும் விடை தராத படங்களும் உள்ளன. கறள் பிடித்த தகரத்தையோ, வர்ணம் உரிந்த சுவரையோ, இன்னும் விரியாத தளிரையோ மிக அண்மையில் நின்று எடுத்து, இன்ன பொருள் என்று உடனே அறிய முடியாதவாறு கோடு, வடிவம், நிறம், ஒளி என்பவற்றை மாத்திரம் நம்முன் வைக்கும் படங்கள் அவை. அரூப ஒளிப்படங்கள் என அவற்றை அழைப்பர். இப்படங்களைத் தேடிக் கமராவுடன் புறப்படுவோர் பெரிதும் நாடிச் செல்லும் இடங்கள் இரண்டு. ஒன்று, மனிதர் கைவிட்டுப் போன இடம். மற்றையது, இளவேனிலில் தளிர்க்கும் தோட்டம். இவ்விரண்டையும் பற்றிய சில கருத்துகளை நேயர்களுடன் இன்று பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இலக்கியத் தொடரில் கமராவுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நமது அகப்பாடல் மரபை ஒரு கணம் நினைத்துப் பார்த்தால் அந்த ஐயம் தீர்ந்துவிடும். அகத்திணையிலே தலைவன், தலைவி, தோழி, செவிலி என்று கூறலாமேயன்றி, ஒருவருடைய இயற்பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. பெயர் வந்துவிட்டால் அந்தத் துயர் இன்னாருடைய துயராகிவிடும். பெயர் நீங்கினால் அது கேட்பவர் எவருக்கும் உரியதாகிவிடுகிறது. இந்த விதியை உரையாசிரியர்கள் எவ்வளவு கண்டிப்பாகக் கொண்டனர் என்பதற்கு நெடுநல்வாடை நல்ல சான்று. நக்கீரர் பாடிய அப்பாட்டிலே பிரிவால் வருந்தும் தலைவி இருக்கிறாள். பாசறையில் உறங்காத தலைவனும் இருக்கிறான். எவருடைய பெயரும் கூறப்படவில்லை. ஆயினும் வேலிலே வேப்பந்தார் சூட்டியிருப்பதாக ஒரு குறிப்பு வருகிறது. வேம்பு பாண்டியனின் அடையாளப்பூ. அந்த ஒரு பூவினால் தலைவன் இன்னான் என்பது தெரிந்துவிடுவதால் அது புறப்பாட்டாயிற்று என்பார் நச்சினார்க்கினியர்.

அரூப ஒளிப்படத்தின் இலக்கணமும் ஏறத்தாழ இதுவே என்பது என் கருத்து. சுவரின் ஒரு பகுதியை மட்டும் எடுக்கும்போது அது கடலாகலாம், வரைபடமாகலாம், முகிலாகலாம். அதே படத்தின் மூலையில் ஒரு கதவுக் கொண்டியோ, அரைகுறையாக அழிந்த ஓர் எழுத்தோ வந்துவிட்டால் போதும். அது வேப்பந்தார் கண்ட பாட்டாகிவிடும். "ஓகோ, இது ஒரு வீட்டுச் சுவர்" என்று பார்ப்பவர் சொல்லிவிட்டு அப்பால் சென்றுவிடுவார்.

இக்கலையின் வரலாற்றைச் சற்று நோக்குவோம். 1917 ஆம் ஆண்டிலே அல்வின் லாங்டன் கோபர்ன் என்பவர் மூன்று கண்ணாடிகளை முக்கோணமாகப் பொருத்தி, அவற்றினூடாகப் பளிங்குத் துண்டுகளையும் மரத்துண்டுகளையும் படமெடுத்து இலண்டனில் காட்சிக்கு வைத்தார். பொருளை அடையாளங் காண முடியாதவாறு எடுக்கப்பட்ட ஒளிப்படங்களுள் மிக முந்தியவற்றில் அவையும் அடங்கும். 1922 இலிருந்து அல்பிரட் ஸ்ரிக்லிட்ஸ் முகில்களை மாத்திரம் எடுக்கத் தொடங்கினார். அப்படங்களில் பலவற்றிலே அடிவானமும் இல்லை, நிலமும் இல்லை. தம் உள்ளத்து உணர்வுகளுக்கு ஈடானவை என்ற பொருளில் 'ஈடுகள்' என்றே அவற்றுக்குப் பெயரிட்டார். முகிலைக் காட்டி மனத்தை உணர்த்தும் இம்முறை நமது உள்ளுறைக்கு எவ்வளவு நெருங்கியது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. நம் நாட்டிலும் பியானோக் கலைஞராகவும் ஒளிப்படக் கலைஞராகவும் விளங்கிய லயனல் வென்ட் (1900 - 1944), கமரா இன்றியே ஒளியுணர் தாள்மீது பொருள்களை வைத்து நிழலுருவங்களை ஆக்கும் முறை போன்ற பல பரிசோதனைகளைச் செய்தவர். கொழும்பில் அவர் பெயரால் அமைந்த அரங்கை நேயர்கள் பலர் அறிவர்.

கைவிடப்பட்ட பொருள்களிலே அரூபத்தைக் கண்டவர்களுள் முதன்மையானவர் ஆரன் சிஸ்கிண்ட் (1903 - 1991). இவர் நியூயோர்க் நகரப் பாடசாலைகளில் நெடுங்காலம் ஆங்கிலம் கற்பித்தவர். இளமையிலே கவிதையும் எழுதியவர். மொழியாசிரியன் என்ற வகையில் அவர்மீது எனக்குத் தனியான ஒரு பற்று உண்டு. 1930 களில் அவர் எடுத்தவை சமூகப் படங்கள். நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியிலே கறுப்பின மக்களின் வாழ்வை நண்பர்களுடன் சேர்ந்து பதிவு செய்தார். பின்னர், 1940 களின் நடுப்பகுதியில், மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் மீன்பிடித் துறைமுகமான குளொஸ்டரில் கோடை காலத்தைக் கழித்தபோது அவருடைய கண் வேறு திசையிலே திரும்பியது. பலகைமீது கிடந்த தேய்ந்த கையுறை, கயிற்றுத் துண்டு, உரிந்த வர்ணம் ஆகியவற்றை நேர் எதிரே நின்று எடுத்தார். தூரமும் ஆழமும் தோன்றாதபடி, படம் முழுவதையும் ஒரே தளமாக்கினார். அவர் புறத்திலிருந்து அகத்துக்கு வந்தார் என்று தமிழ் மாணவனுக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

தளிருக்கு வருவோம். ஜேர்மனியரான கார்ல் புளொஸ்ஃபெல்ட்டும் ஓர் ஆசிரியரே. பேர்லின் நகரக் கலைக் கல்லூரியிலே தாவரங்களைப் பார்த்து உருவம் சமைக்கும் பாடத்தை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கற்பித்தார். மாணவர்க்குக் காட்டுவதற்காகவே மொட்டுகளையும் தளிர்களையும் பல மடங்கு பெருப்பித்துப் படமெடுத்தார். அதற்குரிய கமராவையும் அவரே அமைத்துக்கொண்டார். 1928 இல் அப்படங்கள் 'கலையின் மூலவடிவங்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் நூலாக வெளிவந்தபோது அவருக்கு வயது 63. சுருண்ட பன்னத்தின் இளந்தளிர் அப்படங்களிலே இரும்பில் அடித்துச் செய்த வேலைப்பாடு போலத் தோன்றும். அமெரிக்காவில் இமொஜின் கன்னிங்ஹாம் என்ற பெண்மணி, சிறு பிள்ளைகளைப் பராமரிக்க வேண்டியிருந்தமையால் வீட்டை விட்டு வெகுதூரம் செல்ல இயலாது, 1920 களிலே தம் வீட்டு வளவில் வளர்த்த செடிகளையே எடுத்தார். 1925 இல் அவர் எடுத்த மக்னோலியாப் பூவின் படத்தில் இதழ்களே சட்டகம் முழுவதையும் நிறைத்துக்கொண்டிருக்கின்றன. நல்ல படத்துக்காக நெடுந்தூரம் போகவேண்டியதில்லை என்பதற்கு இவ்விருவருமே சான்று.

சுவரில் இவ்வடிவங்கள் எவ்வாறு தோன்றுகின்றன என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. இரும்பு ஈரத்தோடும் காற்றோடும் சேர்ந்து கறளாகும்போது அதன் பருமன் கூடுகிறது. அப்போது மேலே பூசிய வர்ணம் தூக்கப்பட்டு வெடிக்கிறது. சுவரினுள்ளே ஊறிய நீர் உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவர, நீர் ஆவியாகி உப்புப் பளிங்குகள் சுண்ணாம்புப் பூச்சை உள்ளிருந்து நெம்பித் தள்ளுகின்றன. அதன்மேல் பங்கசும் அல்காவும் கூடி வாழும் இலைக்கன் வட்ட வட்டமாகப் படர்கிறது. எந்த ஓவியரும் தீட்டாத அந்த ஓவியத்தை நீரும் உப்பும் காலமுமே தீட்டியிருக்கின்றன. ஈரக்கறை படிந்த சுவர்களை உற்று நோக்கினால் மலைகளும் போர்க்களங்களும் முகங்களும் தெரியும் என்று லியனார்டோ டா வின்சி ஓவியர்களுக்கு அறிவுரை கூறியிருப்பது இவ்விடத்தில் நினைவுகூரத் தக்கது.

பன்னத்தின் சுருளுக்கும் காரணம் உண்டு. இளம் இலையின் வெளிப்பக்கம் உட்பக்கத்தைவிட விரைவாக வளர்வதால் அது உள்நோக்கிச் சுருள்கிறது. பின்னர் உட்பக்கமும் வளர்ந்து ஈடுகொடுக்க, சுருள் அவிழ்கிறது. சுவர் பல ஆண்டுகளில் மெல்ல மாறுகிறது. தளிரோ சில நாட்களில் தன் வடிவத்தை இழந்துவிடுகிறது. இன்று கண்ட வடிவம் மீண்டும் அப்படியே கிடைக்காது என்பதில் இரண்டும் ஒன்றே.

எடுக்கும் முறை கடினமானதன்று. கைத்தொலைபேசிக் கமராவே போதுமானது. சுவராயின் கமராவைச் சுவருக்குச் சமாந்தரமாகப் பிடிக்க வேண்டும். வானமும் நிலமும் சட்டகத்தினுள் வரலாகாது. நிறத்தைக் காட்ட வேண்டுமானால் முகில் மூடிய நேரமே உகந்தது. உரிந்த வர்ணத்தின் மேடுபள்ளத்தைக் காட்ட வேண்டுமானால் காலையிலோ மாலையிலோ பக்கவாட்டில் விழும் வெயில் தேவை. வில்லைத் துவாரத்தை மாற்றக்கூடிய கமரா வைத்திருப்போர், முழுச் சுவரும் துலங்குவதற்கு எஃப் 11 போன்ற சிறு துவாரத்தையும், தளிரின் ஒரு விளிம்பு மட்டும் துலங்கி ஏனையவை நிறமாகக் கரைவதற்கு எஃப் 2.8 போன்ற பெரிய துவாரத்தையும் தெரிவு செய்யலாம். கால் செக்கன் அளவுக்குக் கதவத்தைத் திறந்து வைத்துக் கமராவை மேலிருந்து கீழாக அசைத்தால், பூப்பாத்தி முழுவதும் நிறக் கோடுகளாக மாறிவிடும்.

கைவிடப்பட்ட இடத்தையும் இளவேனிற் தோட்டத்தையும் ஒன்றாக வைத்துப் பேசுவது முரண்பாடு போலத் தோன்றலாம். நம் முன்னோர் அவ்வாறு கருதவில்லை. பிரிவைப் பேசும் பாலைத் திணைக்குரிய பெரும்பொழுது வேனில். பாலைக்கலியிலே மாந்தளிரும் குயிலும் வண்டும் நிறைந்த இளவேனில் வருகிறது. வருவதாகச் சொன்ன தலைவன் மட்டும் வரவில்லை. வெறுமையையும் வளத்தையும் ஒரே திணையிலே வைத்தவர்கள், இல்லாத ஒருவரை உணர்த்துவதற்கு வறண்ட வழி எவ்வளவு உதவுமோ, பூத்த மரமும் அவ்வளவு உதவும் என்பதை அறிந்திருந்தார்கள்.

உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு இத்தகைய சுவர்ப் படமொன்றைத் தலைப்பின்றிக் காட்டி, என்ன தெரிகிறது என்று ஒருமுறை கேட்டேன். ஒருவர் கடல் என்றார். இன்னொருவர் உலகப்படம் என்றார். பின்வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி மட்டும், "சேர், இது எங்கட குசினிச் சுவர் மாதிரிக் கிடக்கு. நாங்கள் திரும்பிப் போகேக்க கூரை இல்லை, சுவர்தான் நிண்டது" என்றாள். வகுப்பு அமைதியாகிவிட்டது.

அவள் சொன்னதிலேதான் இந்தக் கலையின் மெய்யான சிக்கல் இருக்கிறது. நமீபியாவின் பாலைவனத்திலே கோல்மன்ஸ்கொப் என்றொரு கைவிடப்பட்ட ஊர் உண்டு. 1908 இல் புகையிரதப் பாதைத் தொழிலாளியான சக்கரியாஸ் லெவாலா அப்பகுதியில் கண்டெடுத்த வைரக் கல்லே அவ்வூர் எழக் காரணமாயிற்று. செல்வம் ஜேர்மன் குடியேற்றக்காரரிடம் சேர்ந்தது. வைரம் வேறிடத்திலே மிகுதியாகக் கிடைக்கவே மக்கள் படிப்படியாக வெளியேறி, 1956 அளவில் ஊர் வெறுமையாயிற்று. இன்று அதன் நீல, பச்சைச் சுவர்களையும் அறைகளில் புகுந்த மணலையும் படமெடுக்க உலகெங்குமிருந்து வருகிறார்கள். அப்படங்கள் அழகானவையே. ஆனால் லெவாலாவின் பெயர் அவற்றிலே எங்கும் தெரிவதில்லை.

நமது மண்ணிலோ சுவருக்கு உரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த மக்கள், நிலங்கள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோது திரும்பிச் சென்று கண்டவை பெரும்பாலும் பற்றை மூடிய வளவுகளும் சிதைந்த சுவர்களுமே. அங்கே உரிந்திருக்கும் நீல வர்ணம் யாரோ ஒருவர் பிள்ளையின் கலியாணத்துக்காகப் பூசிய வர்ணமாக இருக்கலாம். அதை வெறும் நிறமாக எடுத்துச் சட்டம் போட்டு மாட்டலாமா?

உருவமா, உள்ளடக்கமா என்று நம் எழுத்தாளர்கள் நெடுங்காலம் வாதிட்ட விவாதத்தின் இன்னொரு வடிவமே இக்கேள்வி. என் விடை இதுதான். முதலில் புறப்படத்தை எடுக்க வேண்டும். வீடு முழுவதும் தெரிய, ஊர், ஒழுங்கை, திகதி, உரியவர் பெயர் யாவும் எழுதி, உரியவரின் சம்மதத்துடன் எடுத்து, அவருக்கு ஒரு பிரதியும் கொடுக்க வேண்டும். நாளை காணி உறுதி தொலைந்தவருக்கு அது ஒரு சிறு சான்றாகவேனும் உதவக்கூடும். அதன் பின்பு சுவருக்கு அருகே சென்று அகப்படத்தை எடுக்கலாம். சிஸ்கிண்டும் அந்த வரிசையிலேயே வந்தவர். மனிதரைப் பார்த்துப் பழகிய கண்ணே அவர்கள் விட்டுச்சென்ற கையுறையையும் பார்த்தது. அகப்பாட்டுப் புலவனும் தலைவியின் பெயரை அறியாமல் விட்டவனல்லன், கூறாமல் விட்டவன். அறிந்து மறைத்த பெயருக்குப் பாட்டிலே ஒரு கனம் உண்டு. படத்திலும் அப்படியே.

நேயர்களே, சித்திரை மாதத்தில் வேம்பு பூத்து முற்றத்தில் உதிரும்போது, மழை கண்ட மதிலோரம் நடக்கும்போது, ஒரு கணம் அருகே சென்று பாருங்கள். கமரா இல்லாவிட்டாலும் குறையில்லை. பார்த்ததைப் படமெடுத்தால், அதன் பின்புறத்திலே அந்த மதில் யாருடையது என்பதையும் எழுதி வையுங்கள். அடுத்த உரையில் வேறொரு விடயத்துடன் சந்திப்போம்.